இம்பாக்டா, ஆன்டனா, ஆஸ்வால்டா, பேபஸ் நியூவா? தடித்த ஒடுங்கிய எழுத்துருக்கள்: ஓர் ஒப்பீடு

அகலம் குறைந்த இடத்தில் ஆங்கிலத் தலைப்பைப் பெரிதாக வைக்க வேண்டியிருந்தால், வடிவமைப்பாளரின் கை உயரமான, ஒடுங்கிய, தடித்த எழுத்துருவைத்தான் தேடும். இந்த வகையில் நம்மிடையே அதிகம் புழங்கும் நான்கும் தூரத்திலிருந்து பார்த்தால் ஒரே குடும்பம்போலத் தெரியும். தலைப்பு படிக்கக் கூடியதாக இருக்குமா என்பதைத் தீர்மானிப்பது எழுத்தின் கருமையைவிட அதன் உள்ளே மிஞ்சும் வெள்ளையே என்பது என் கருத்து. அந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் நான்கும் நான்கு வழியில் பிரிகின்றன.

இம்பாக்ட் 1965இல் ஜெஃப்ரி லீ வரைந்தது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரிலிருந்த ஸ்டீஃபன்சன் பிளேக் என்ற எழுத்து வார்ப்பகம் அதை உலோக அச்செழுத்தாக வெளியிட்டது. விளம்பரத் தலைப்புக்கென்றே பிறந்த வடிவம் அது. ஆங்கிலச் சிறிய எழுத்துகளின் (a, e, x போன்றவை) உடல் பெரிய எழுத்தின் (A, E, X) உயரத்தில் பெரும்பங்கு இருக்கும். மேலே நீளும் கோடுகளும் கீழே இறங்கும் வால்களும் குட்டையானவை. இதனால் வரிகளை மிக நெருக்கமாக அடுக்கலாம், சொல் ஒரே கருங்கட்டியாக நிற்கும். அதற்குக் கொடுக்கும் விலையை அறிய, சிறிய ‘e’ எழுத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்: வளைவுக்குள் கத்தியால் கீறியது போன்ற மெல்லிய வெள்ளைதான் மிஞ்சியிருக்கும். ஒருமுறை ஊர் விழா ஒன்றின் ஃப்ளெக்ஸ் பேனரில் தலைப்பையும் அதன் கீழே சிறிய அளவில் தொலைபேசி எண்ணையும் இம்பாக்டிலேயே வைத்தேன். எதிர்ச்சாரியில் நின்று பார்த்தபோது தலைப்பு பளிச்சென்று தெரிந்தது. எண்ணிலோ 6 எது, 8 எது என்று பிரித்தறிய முடியவில்லை.

1996இல் மைக்ரோசாஃப்ட் இணையத்துக்காக இலவசமாக வழங்கிய எழுத்துருத் தொகுப்பில் இம்பாக்டும் இருந்ததால், பெரும்பாலான கணினிகளில் அது கிடைத்தது. வெள்ளை எழுத்து, கறுப்பு வெளிக்கோடு என்ற மீம் பாணி அதிலிருந்தே வளர்ந்தது. எந்தப் படத்தின் மேல் வைத்தாலும் படிக்க முடிவதற்குக் காரணம், வெளிக்கோடு தின்ற பிறகும் எழுத்தில் போதிய தடிமன் எஞ்சுவதுதான். ஆனால் அந்த மீம் நினைவு இன்று அதன் மீது ஒட்டிக்கொண்டுவிட்டது. இரங்கல் அறிவிப்புக்கோ கருத்தரங்க அழைப்பிதழுக்கோ இம்பாக்டைப் பரிந்துரைக்க எனக்கு மனம் வருவதில்லை. மேலும் அது ஆண்ட்ராய்டு கைபேசிகளில் இயல்பாக இருப்பதில்லை. அதை மட்டும் நம்பி அமைத்த இணையப்பக்கம் அங்கே வேறு எழுத்துருவில் தோன்றும்.

அந்த இடத்தை நிரப்ப வந்தது ஆன்டன். இதை உருவாக்கிய வெர்னன் ஆடம்ஸ், பழைய விளம்பர எழுத்து வடிவங்களை எடுத்து, திரைக்கு ஏற்ப எழுத்துக்குள் இருக்கும் வெள்ளை இடங்களைச் சற்றே திறந்துவிட்டார். அந்தச் சிறு திறப்புதான் முழு வேறுபாட்டையும் உண்டாக்குகிறது: கருமை ஏறக்குறைய அப்படியே இருக்க, ‘e’ எழுத்தும் ‘a’ எழுத்தும் மூச்சு விடுகின்றன. திறந்த உரிமத்தில் கிடைப்பதால் இணையதளத்தில் தடையின்றிப் பயன்படுத்தலாம். தடிமன் ஒன்றே ஒன்றுதான் என்பது குறை. தலைப்புக்கு ஆன்டன் வைத்தால் துணைத்தலைப்புக்கு வேறு எழுத்துருவைத் தேட வேண்டும்.

அந்தக் குறை ஆஸ்வால்டில் இல்லை. இதுவும் ஆடம்ஸின் ஆக்கமே. 1903இல் அமெரிக்காவில் மோரிஸ் ஃபுல்லர் பென்டன் வடிவமைத்த ஆல்டர்நேட் கோதிக் என்ற எழுத்துருவின் வழியில் வந்த இதில் 200 (மெல்லியது) முதல் 700 (தடித்தது) வரை ஆறு தடிமன்கள் உண்டு. தலைப்பு, துணைத்தலைப்பு, தேதி, இடம் என எல்லாவற்றையும் ஒரே குடும்பத்துக்குள் முடித்துக்கொள்ளலாம். என் பேனரின் எண்ணை ஆஸ்வால்டின் 600க்கு மாற்றியதும் 6க்கும் 8க்கும் இருந்த குழப்பம் தீர்ந்தது. ஒரே ஒரு சொல்லை அறைந்து சொல்ல வேண்டிய இடத்தில் மட்டும் அது ஆன்டனுக்குப் பின்தங்கும்.

ரியோய்ச்சி சுனெகாவா 2010இல் வெளியிட்ட பேபஸ் நியூவில் பெரிய எழுத்துகள் மட்டுமே உள்ளன. எல்லாம் ஒரே உயரம் என்பதால் படத்தலைப்பு, சட்டை அச்சு, எண்கள் ஆகியவற்றுக்கு அழகாக அமையும். இரண்டு வரிக்கு மேல் நீளும் வாக்கியத்துக்கு உதவாது.

தமிழும் ஆங்கிலமும் சேர்ந்து வரும் போஸ்டரில் இன்னொரு சிக்கல் உண்டு. இந்த நான்கிலும் தமிழ் எழுத்துகள் இல்லை. இதற்காகத் தமிழ் எழுத்துருவைப் பக்கவாட்டில் நசுக்கிச் சமாளிப்பதைப் பரவலாகப் பார்க்கிறேன், பார்க்கும்போதெல்லாம் வருத்தமாக இருக்கிறது. நசுக்கினால் செங்குத்துக் கோடுகள் மெலிந்து கிடைக்கோடுகள் தடித்தே நிற்கும், ‘ண’வின் சுழிகள் அடைத்துக்கொள்ளும். ஏக் டைப் நிறுவனத்தின் அனெக் தமிழ் என்ற எழுத்துருவில் அகலத்தை 75 முதல் 125 விழுக்காடு வரை மாற்றலாம். ஒடுங்கிய வடிவமும் முறையாக வரையப்பட்டது. அதன் 75 அகலத்தையும் 800 தடிமனையும் ஆன்டனுக்குப் பக்கத்தில் வைத்தாலும் தமிழ்ச்சொல் நீளமாகவே ஓடும். ஆகவே ஆங்கிலத்தை ஒரு வரியிலும் தமிழை அதன் கீழே இரண்டு வரியிலும் அமைத்து, தமிழ் வரிகளுக்கிடையே மேல் வரியில் கீழே இறங்கும் கோடுகளும் கீழ் வரியில் மேலே ஏறும் கோடுகளும் மோதாத அளவு இடம் விடுகிறேன்.