பத்துப் பேர், ஒரு வாரம்: எந்த நகரத்தைப் படிக்கப் போவது?

நகரத் திட்டமிடலிலும் நகர வடிவமைப்பிலும் வேலை பார்க்கும் பத்துப் பேர் சேர்ந்து ஒரு வாரக் கல்விப் பயணம் போகலாம் என்று முடிவெடுத்தால், முதல் வாக்குவாதம் எங்கே போவது என்பதில்தான் வரும். போக்குவரத்துக்காரர் ஓர் ஊரைச் சொல்வார், வீட்டுவசதியில் இருப்பவர் இன்னொன்றை, பூங்காவும் நீர்நிலையும் வடிவமைப்பவர் வேறொன்றை. எப்படிச் சுற்றினாலும் கோபன்ஹேகன், வியன்னா, சிங்கப்பூர், மெடெயின் ஆகிய நான்கு பெயர்கள் பட்டியலில் வந்து நிற்கும். நான்கையும் எதிரெதிரே வைத்துப் பார்க்கிறேன்.

எதை வைத்து ஒப்பிடுவது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். சைக்கிள் பாலத்தையும் கேபிள் காரையும் படத்திலேயே பார்த்துவிடலாம். அதற்கு விமானம் ஏற வேண்டியதில்லை. நிலம் யார் கையில் இருந்தது, பணம் எங்கிருந்து வந்தது, முடிவை எடுத்தது யார், கட்டி முடித்த பிறகு எது நிலைத்தது, எது நொறுங்கியது? நேரில் போனால்தான் கிடைக்கும் பதில்கள் இவை. அந்தப் பதில்களை எந்த ஊர் திறந்து காட்டுகிறது என்பதுதான் என் அளவுகோல்.

முதன்முறை போகும் குழுவுக்குக் கோபன்ஹேகனைவிட எளிதான ஊர் இல்லை. ஆளுக்கொரு சைக்கிள் எடுத்துக்கொண்டால், 1962-இல் வாகனங்களை வெளியே அனுப்பிய ஸ்ட்ரோயட் கடைவீதியையும், துறைமுக நீருக்கு மேலே வளைந்து போகும் ஆரஞ்சு நிறச் சைக்கிள் பாலத்தையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம். ரயில் பாதைகளை ஒட்டி ஊர் ஐந்து விரல்களாக நீளட்டும், விரல்களுக்கு நடுவே பசுமை இருக்கட்டும் என்று 1947-இல் போட்ட விரல் திட்டத்தைப் புரிந்துகொள்ள, புறநகர் ரயிலில் ஒரு விரல் நுனி வரை போய்த் திரும்பினால் போதும்.

ஆனால் அங்கே நான் முதலில் பார்க்கச் சொல்வது சைக்கிளை அல்ல, மழைநீரை. 2011 ஜூலை 2 அன்று சில மணி நேரத்தில் ஏறக்குறைய 150 மில்லிமீட்டர் மழை கொட்டி நகரம் மூழ்கியது. அடுத்த ஆண்டே பெருமழை மேலாண்மைத் திட்டம் வந்தது; சுமார் 300 பணிகள், இருபது ஆண்டுக் காலம். எல்லாவற்றையும் குழாய்க்குள் தள்ளாமல், தெருவும் சதுக்கமும் பூங்காவுமே நீரைத் தாங்கி நிற்கும்படி வடிவமைத்தார்கள். எங்கஹவே பூங்கா மட்டும் 22,600 கன மீட்டர் நீரைத் தேக்கும். வெயில் நாளில் அது வெறும் பூங்காதான். தரை எங்கே சற்றுத் தாழ்கிறது, சுற்றுச்சுவர் எங்கே திறந்து மூடுகிறது என்று காட்டிக் கொடுக்கும் ஒருவர் கூட இல்லாவிட்டால், நீரைத் தாங்கும் வேலை நம் கண்ணில் படாமலே போய்விடும்.

கோபன்ஹேகனிலேயே ஓரெஸ்தாது என்ற புதுப் பகுதிக்கு ஒரு நாள் ஒதுக்குங்கள். 1992-இல் சட்டம் போட்டு, பொது நிலத்தை மனை மனையாக விற்று அந்த வருவாயில் மெட்ரோ கடனை அடைப்பது என்று தொடங்கிய பகுதி அது. 2002-இல் மெட்ரோ வந்தது. கடன் அடைக்கும் அவசரமும் பெரிய பெரிய மனைகளும் சேர்ந்தால் தெரு எப்படி ஆகிறது என்பதை அங்கே நடந்தே உணரலாம்: அகலம் அதிகம், காற்று அதிகம், கதவுகள் குறைவு. தெருவில் மனித வாழ்க்கையை உலகுக்கே பாடமாகச் சொன்ன நகரத்தில் இந்த இடமும் இருக்கிறது என்பதே பெரிய படிப்பு.

சிங்கப்பூரைப் பற்றிக் குறைவாகத்தான் சொல்லப் போகிறேன், அது மோசமான தேர்வு என்பதால் அல்ல. திட்டத்துக்கும் கட்டப்பட்டதற்கும் இடைவெளி மிகக் குறைந்த நகரம் அது. முழு அமைப்பையும் ஒரே பார்வையில் காட்ட வல்லது. நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் காட்சியகத்தில் உள்ள மாதிரி நகரத்தின் முன் நின்றுவிட்டு வெளியே வந்தால், அதே நகரம் எதிரே நிற்கும். காங்கிரீட் கால்வாயை வளைந்தோடும் ஆறாக மாற்றி 2012-இல் திறந்த பீஷான் - அங் மோ கியோ பூங்கா, கீழே பொதுச் சதுக்கம், நடுவே மருத்துவ மையம், மேலே முதியோர் வீடுகள் என்று ஒரே மனையில் அடுக்கிய கம்போங் அட்மிரல்டி, 1975-இலேயே தொடங்கி 1998-இல் மின்னணு முறைக்கு மாறிய நெரிசல் கட்டணம் (நெரிசலான சாலைகளில் நுழையும் வாகனங்களுக்கான கட்டணம்): மூன்றுமே பார்த்தே தீர வேண்டியவை.

சிக்கல் ஒன்றே ஒன்றுதான். இவை எல்லாவற்றுக்கும் அடியில் 1966-இன் நிலக் கையகப்படுத்தல் சட்டமும், பெரும்பகுதி நிலம் அரசிடமே இருப்பதும், குடியிருப்போரில் ஏறக்குறைய 80 விழுக்காட்டினர் வீட்டுவசதி வாரியம் கட்டிய வீடுகளில் வாழ்வதும் இருக்கின்றன. வேர் இல்லாமல் கிளையை மட்டும் வெட்டி எடுத்துவந்து நட முயன்ற திட்டங்களை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். நிலமும் ஒரே கையில், முடிவும் ஒரே கையில் இருக்கும் இடத்தில் வேலை செய்பவர்களுக்குச் சிங்கப்பூர் நேரடிப் பாடம். மற்றவர்கள் அங்கே பராமரிப்பைப் படிக்கலாம். பழைய அடுக்குமாடிகளை எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கிறார்கள், மின்தூக்கி நிற்காத தளங்களுக்கு அதை எப்படிக் கொண்டுவந்தார்கள், 99 ஆண்டுக் குத்தகை தேயத் தேய என்ன செய்யப் போகிறார்கள் என்ற கேள்விகளோடு தோவா பாயோ போன்ற பழைய குடியிருப்பு நகரங்களுக்குப் போவது, மரினா விரிகுடாவோரம் சுற்றுவதைவிட எவ்வளவோ மேல்.

அடுத்தது கொலம்பியாவின் மெடெயின். 1990-களின் தொடக்கத்தில் உலகிலேயே கொலைகள் மிகுந்த நகரங்களில் ஒன்று. 2004-இல் மலைச்சரிவில் இருந்த ஏழைக் குடியிருப்புகளை மெட்ரோவோடு இணைத்துக் கேபிள் கார் பாதை போட்டார்கள். கேபிள் காரை எல்லோரும் பேசுகிறார்கள்; இறங்கும் நிலையத்தைச் சுற்றி ஒரே நேரத்தில் படிக்கட்டு, சிறு பாலம், பள்ளி, பூங்கா, நூலகம் என்று பல துறைகள் ஒன்றாக இறங்கியதைக் குறைவாகவே பேசுகிறார்கள். அதுதான் அங்கே படிக்க வேண்டியது. பணத்தின் ஊற்று இன்னும் முக்கியம்: மின்சாரம், குடிநீர் தரும் நிறுவனம் நகராட்சிக்கே சொந்தம், அதன் இலாபத்தில் ஒரு பங்கு நகராட்சிக்கு வருகிறது. அப்படியோர் ஊற்று இல்லாத நகரம் கேபிள் காரை மட்டும் நகல் எடுத்தால் கம்பியும் பெட்டியும்தான் மிஞ்சும்.

தோல்வியும் கண்ணெதிரே இருப்பதால் இந்த ஊர் மீது எனக்குத் தனி மரியாதை. மலைமேல் மூன்று கறுப்புப் பாறைகள் போல நின்று உலகப் பத்திரிகைகளில் எல்லாம் வந்த எஸ்பான்யா நூலகப் பூங்கா 2007-இல் திறக்கப்பட்டது. கட்டமைப்புக் குறைகளால் சில ஆண்டுகளிலேயே மூட வேண்டி வந்து, நீண்ட காலம் மூடிக் கிடந்தது. அதே நகரத்தில், வேலி போட்டு வைத்திருந்த குடிநீர்த் தொட்டி வளாகங்களைத் திறந்து அக்கம்பக்கத்தாருக்கான பொது இடங்களாக மாற்றிய பணிகள் சத்தமில்லாமல் பயன்பட்டுக்கொண்டிருக்கின்றன. இரண்டையும் ஒரே நாளில் பார்க்கும் குழு, திரும்பும் வழியில் பேசாமல் இருக்க முடியாது. 13-ஆம் கொமூனா என்ற நகரப் பிரிவின் நகரும் படிக்கட்டுகள் 2011-இல் வந்தவை. இப்போது சுற்றுலாக் கூட்டம் நெரிகிறது. அங்கே அதிகாலையில் போய்விட்டு, மீதி நேரத்தை வடகிழக்குச் சரிவுகளுக்கும், குப்பை மேட்டின்மேல் வளர்ந்த மொராவியா குடியிருப்புக்கும் கொடுங்கள். தொழில் தெரிந்த ஸ்பானிய மொழிபெயர்ப்பாளரும், அந்தப் பகுதியிலேயே வாழும் ஒரு சமூகப் பணியாளரும் கூட வராவிட்டால் போகவே வேண்டாம். பிறருடைய வறுமையைப் பார்க்கும் சுற்றுலாவாக அது மாறிவிடும்.

வியன்னாவைக் கடைசிக்கு வைத்ததற்குக் காரணம், என் முதல் தேர்வு அதுதான். ஒரே கேள்விக்கு நூறு ஆண்டுகளாகப் பதில் எழுதிக்கொண்டே இருக்கும் நகரம் அது. சாதாரண மனிதர் நல்ல வீட்டில் கட்டுப்படியாகும் வாடகையில் வாழ்வது எப்படி? 1923-இல் வசதி படைத்தோர்மீது ஏறுமுகமாக வீட்டு வரி போட்டு, அந்தப் பணத்தில் நகராட்சியே வீடு கட்டத் தொடங்கியது. 1930-இல் திறந்த கார்ல் மார்க்ஸ் ஹோஃப் குடியிருப்பு வளாகம் ஒரு கிலோமீட்டருக்கும் மேல் நீளம், 1,382 வீடுகள். அத்தனை வீடுகள் இருந்தும் மனையின் பெரும்பகுதி முற்றமும் மரமுமாகவே கிடக்கிறது. சலவைக்கூடம், குளியலறைகள், மழலையர் பள்ளி, நூலகம் எல்லாம் உள்ளேயே இருந்தன. இன்று நகராட்சிக்குச் சொந்தமான வீடுகள் ஏறக்குறைய 2,20,000.

வடிவமைப்பாளர்களுக்கு இதைவிடச் சுவையானது, 1995-இல் வந்த போட்டி முறை. நகரத்தின் வீட்டுவசதி நிதியம் நிலத்தை வைத்திருக்கிறது. கட்டுநர்கள் கட்டடக் கலைஞர்களோடு சேர்ந்து போட்டி போட வேண்டும். கட்டடக்கலை, செலவு, சூழலியல் ஆகிய மூன்றோடு, பின்னாளில் சேர்ந்த சமூக நீடிப்புத்தன்மை என்ற நான்காவதையும் வைத்து நடுவர் குழு மதிப்பிடுகிறது. மலிவான விலைப்புள்ளி மட்டும் போதாது. தோற்ற விண்ணப்பத்தையும் வென்ற விண்ணப்பத்தையும் பக்கத்தில் வைத்து விளக்கும்படி கேளுங்கள். அந்த ஒரு மணி நேரத்துக்காகவே பயணம் போகலாம் என்பேன்.

பிறகு ஆஸ்பெர்ன் ஸீஷ்டாட் என்ற புதுக் குடியிருப்புப் பகுதி. பழைய விமானத் தளம், 240 ஹெக்டேர், நடுவில் ஏரி. சுரங்க ரயில் 2013-இல் வந்தது, முதல் குடியிருப்பாளர்கள் 2014-இல் வந்தார்கள். ரயில் முதலில், மக்கள் பிறகு என்ற வரிசையைத் தாளில் எல்லோரும் எழுதுவோம். செய்து முடித்தவர்களிடம் அதன் கணக்கைக் கேட்கும் வாய்ப்பு அரிது. குறையும் கேட்க வேண்டும்: நகராட்சி வீட்டுக்கு விண்ணப்பிக்க, பொதுவாக அந்த நகரத்தில் ஏற்கெனவே இரண்டு ஆண்டு பதிவு பெற்று வாழ்ந்திருக்க வேண்டும். புதிதாக வருபவர் தனியார் வாடகைச் சந்தையில் திணறுகிறார். உள்ளே இருப்பவருக்கு நல்ல அமைப்பு, வெளியே நிற்பவருக்கு என்ன என்று கேட்டால் நல்ல விவாதம் பிறக்கும்.

பார்சிலோனா ஏன் இல்லை என்று கேட்பீர்கள். தெருவை மட்டுமே படிக்கும் குழுவானால் தாராளமாகப் போகலாம். 2016-இல் போப்லெநோ பகுதியில் தொடங்கிய, பல தெருத் தொகுதிகளை ஒன்றாக்கி உள்தெருக்களில் வாகனங்களைக் குறைக்கும் பெருந்தொகுதி முயற்சிக்கும் 2023-இல் முடிந்த கொன்செல் தெ சென்ட் பசுமைத் தெருவுக்கும் இடையில் அணுகுமுறை மாறியதைப் பார்ப்பதே ஒரு வாரப் பாடம்.

ஊரைத் தேர்ந்தபின் அமைப்பு. ஒரு வாரத்தில் மூன்று நகரம் என்று விற்கப்படும் பயணங்களைத் தவிர்த்துவிடுங்கள். ஒருமுறை இருபத்துநான்கு பேர் கொண்ட அப்படிப்பட்ட பயணத்தில் போனேன். பேருந்து, ஒலிவாங்கி, கொடி பிடித்த வழிகாட்டி. சந்தித்த அதிகாரிகள் எல்லோரும் படக்காட்சியைத் திரையில் ஓட்டிவிட்டு எழுந்து போனார்கள், ஒரு கேள்விகூட முழுதாகக் கேட்க முடியவில்லை. பத்துப் பேர் என்றால் ஒரே மேசையைச் சுற்றி உட்காரலாம், வரைபடத்தை விரிக்கலாம், ஒரு குடியிருப்பாளர் தன் வீட்டுக்குள்ளேயே கூப்பிடுவார். பன்னிரண்டைத் தாண்ட விடாதீர்கள். பத்தும் ஒரே துறையாக இருக்கவும் வேண்டாம். நிதி தெரிந்த ஒருவரும் பராமரிப்புப் பொறியாளர் ஒருவரும் இருந்தால் கேள்விகளின் தரமே மாறும்.

காலமும் பார்க்க வேண்டும். கோபன்ஹேகனில் டிசம்பரில் பகல் ஏழு மணி நேரம்தான். மே, ஜூன் நல்லது. சிங்கப்பூரில் நண்பகலில் நடக்க முடியாது, கூட்டங்களை அப்போது வைத்துக் காலையிலும் மாலையிலும் களத்துக்குப் போகலாம். மெடெயின் ஆண்டு முழுவதும் இதமானது, பிற்பகல் மழைக்கு மட்டும் இடம் விட வேண்டும். வியன்னாவுக்கு செப்டம்பர்.

அனுமதிக் கடிதங்களை மூன்று மாதம் முன்பே அனுப்புங்கள். பார்க்க விரும்பும் இடங்களின் பட்டியலை மட்டும் அனுப்பாமல், உங்கள் சொந்தப் பணியில் சிக்கி நிற்கும் ஒரு திட்டத்தின் வரைபடத்தையும் கூடவே அனுப்புங்கள். உங்களைச் சந்திக்க வரும் பொறியாளர் அதை முன்கூட்டியே படித்துவிட்டு, தன் பென்சிலோடு வந்து உட்காருவார்.