காபரேட்டரைக் கழுவாமலே கோளாறைப் பிடித்த கிண்ணியா கராஜ்

பழைய ஜப்பான் பைக் வைத்திருக்கும் திருகோணமலைக்காரர்களுக்கு நேராகவே சொல்லிவிடுகிறேன். நாலு சிலிண்டரில் ஒன்று மட்டும் பெற்றோல் கூடிக் கறுத்துக்கொண்டே இருந்தால், டவுனில் யாரிடமாவது பெற்றோலையும் காற்றையும் கலந்து கொடுக்கிற காபரேட்டரைக் கழற்றக் கொடுக்க முதல் பாலத்தைத் தாண்டிக் கிண்ணியாவுக்கு ஒருக்கால் போய் வாருங்கள். நேரம் போகும், சில விஷயங்களில் எரிச்சலும் வரும், அதைக் கீழே எழுதுகிறேன். ஆனால் கோளாறு எங்கே என்று தெரியாமல் அங்கே இருக்கிற மெக்கானிக் ஸ்பானரைக் கையில் எடுப்பதில்லை.

கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. தகரக் கொட்டில், முன்னால் பாதி பைக், பாதி படகு இன்ஜின். நடத்துகிறவரை எல்லோரும் நானா என்றுதான் கூப்பிடுகிறார்கள். அந்தப் பக்கத்து மீனவர்களின் அவுட்போர்ட் இன்ஜின்கள்தான் அவருக்கு முக்கிய வருமானம், பைக் வேலை ஆசைக்குச் செய்வது மாதிரித்தான் தெரிகிறது. 2009இல் பாலம் திறக்க முதல் பாதை என்கிற மிதவைப் படகில் ஏறித்தான் அக்கரைக்குப் போக வேண்டும், அந்தக் காலத்தில் இவரிடம் ஒரு பைக்கைக் கொண்டுபோய்க் காட்ட எனக்குப் பொறுமை இருந்திருக்குமா என்பது சந்தேகம்.

என்னுடையது சுசுகி பண்டிட் 250. 1989இல் ஜப்பானில் வந்த மாடல், 248 சிசி, வரிசையாக நாலு சிலிண்டர், நாலு காபரேட்டர். காலையில் சோக் (குளிர்ந்த இன்ஜினுக்குப் பெற்றோலைக் கூட்டிக் கொடுப்பது) இழுக்காமலே ஸ்டார்ட் ஆகும். முதலில் அதைப் பெருமையாக நினைக்கத் தோன்றும், ஆனால் குளிர்ந்த இன்ஜின் சோக் கேட்காமல் பிடிக்கிறது என்றால் எங்கோ பெற்றோல் ஏற்கனவே கூட இருக்கிறது என்றுதான் அர்த்தம். சூடானதும் ஸ்லோவில், அதாவது முறுக்காமல் விட்டு இன்ஜின் ஓடும்போது, தடக்குத் தடக்கென்று அடிக்கும், சந்தியில் நின்றால் பின்னால் நிற்பவருக்குப் பெற்றோல் மணக்கும், திரொட்டிலை விட்டு இறக்கத்தில் இறங்கினால் சைலன்சர் வெடிக்கும். ஆனால் நிலாவெளி வீதியில் முழுசாகத் திருகினால் ஒரு குறையும் இல்லாமல் பாயும். இந்தக் கடைசி அடையாளத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

டவுனில் காட்டிய இடங்களில் எல்லாம் ஒரே மருந்துதான்: காபரேட்டர் கழுவ வேணும். கழுவினார்கள், பெற்றோல் வருகிற துளையான ஜெட் மாற்றினார்கள், உள்ளே பெற்றோல் மட்டத்தைக் காக்கிற புளோட் நீடில் மாற்றினார்கள், ஒரு இடத்தில் நாலு காபரேட்டரையும் தனித்தனியாகப் பிரித்தே போட்டுவிட்டார்கள். கராஜில் வைத்து எனக்குக் காட்டும்போது அருமையாக ஓடும். வீட்டுக்கு வந்து சேர்ந்து அடுத்த நாள் பார்த்தால் பழைய கதை. திரும்பப் போய்ச் சொன்னால் "நீங்க ஓட்டுற விதம்" என்று ஒரு பார்வை.

நானா முதலில் கேள்விதான் கேட்டார். எப்போது தடக்குகிறது, சூடாகவா குளிராகவா, ஏற்றத்திலா ஸ்லோவிலா, கடைசியாக எவ்வளவு காலம் ஓடாமல் நின்றது. 2022இல் எரிபொருள் தட்டுப்பாட்டில் கியூஆர் கோட்டில் மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீட்டர் கொடுத்த காலத்தில் பண்டிட்டைக் காயப்போட்டுவிட்டு வீட்டில் இருந்த ஸ்கூட்டியில்தான் திரிந்தோம் என்றேன். "ம்" என்றார், அவ்வளவுதான். அதன் பிறகு ஒரு தண்ணீர்ப் போத்தலை எடுத்து வந்து, குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் பண்ணி, விரலை நனைத்து நாலு சைலன்சர் குழாயிலும் இன்ஜினுக்குக் கிட்டவாக ஒவ்வொரு சொட்டு விட்டார். மூன்றில் சொட்டு சீறிக் காய்ந்துபோனது. ஒன்றில் அப்படியே உருண்டு கீழே இறங்கியது. எந்தச் சிலிண்டர் ஒழுங்காக எரியவில்லை என்பது ஒரு நிமிடத்துக்குள் தெரிந்துவிட்டது. நாலு குழாயும் ஒரே சைலன்சரில் சேருகிற பைக்கில் பின்னால் நின்று புகையைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்கவே முடியாது.

அப்புறம் டாங்கியைக் கழற்றி, சிலிண்டருக்குள் நெருப்புப் பொறி கொடுக்கிற பிளக்குகளை எடுத்து வரிசையாகப் பழைய வீரகேசரித் தாளில் வைத்தார். மூன்று பால் தேத்தண்ணி நிறம். ஒன்று கறுப்பு. விரலால் தேய்த்து எனக்குக் காட்டினார், காய்ந்த கரி, மாவாக உதிர்கிறது. "பாருங்க தம்பி, இது மினுமினுன்னு ஈரமா ஒட்டினா ஒயில், ரிங் இல்லாட்டி வால்வ் சீல் வேலை. இது காஞ்ச கரி, பெற்றோல்." ஆனால் அதோடு காபரேட்டரில் கை வைக்கவில்லை. நெருப்புப் பலவீனமாக இருந்தாலும் பெற்றோல் எரியாமல் இதே கரிதான் படியும், அதைச் சரிபார்க்காமல் ஜெட்டைத் திருகுவது வீண் வேலை. கறுத்த பிளக்கைத் துடைத்துப் பக்கத்துச் சிலிண்டரிலும், அங்கிருந்த நல்லதை இதிலும் போட்டு, பிளக் மூடிகளையும் மாற்றிப் பொருத்தி, டாங்கியைத் திரும்ப ஏற்றிப் பாலம் வரைக்கும் போய் வரச் சொன்னார். வந்து பார்த்தால் கரி அதே சிலிண்டரில்தான். ஆக பிளக்கும் இல்லை, மூடியும் இல்லை. இந்த மாதிரி இன்ஜினில் ஒரு கொயில் இரண்டு பிளக்குக்கு நெருப்புக் கொடுக்கும், கொயில் பழுதென்றால் சோடிச் சிலிண்டரும் கறுத்திருக்க வேண்டும், அதுவும் இல்லை. கடற்கரை ஊர், உப்புக் காற்றில் வயர் முனை எல்லாம் பச்சை பூத்துவிடும் என்பதால் அதையும் ஒரு பார்வை பார்த்தார். சிலிண்டருக்குள் அமுக்கம், அதாவது கம்பிரஷனும் நாலிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

இனிமேல்தான் காபரேட்டர். அதையும் கழற்றவில்லை. ஆஸ்பத்திரி சேலைன் போத்தல் ஒன்றில் பெற்றோல் ஊற்றி மேலே தொங்கவிட்டு, டாங்கிக்குப் பதிலாக அதிலிருந்து ஓஸ் கொடுத்தார். காபரேட்டரின் அடியில் பெற்றோல் வடிக்கிற துளை இருக்கிறதே, அதில் கண்ணாடிபோல் தெரியும் ஒரு டியூபை மாட்டி, மறுமுனையைக் காபரேட்டரின் பக்கத்தில் நிமிர்த்திப் பிடித்து, வடிப்பு ஸ்குரூவைத் தளர்த்தினார். உள்ளே பெற்றோல் எந்த உயரத்தில் நிற்கிறதோ அதே உயரத்தில் டியூபிலும் நிற்கும். புளோட் உயரம் பிழைத்தாலோ நீடில் முனை தேய்ந்து மூடாமல் போனாலோ அந்த ஒன்றில் மட்டம் ஏறி இருக்கும். நாலிலும் ஒரே மட்டம். சோக்கின் சின்ன பிளஞ்சர்கள் நாலும் அடியில் போய் இருக்கின்றனவா என்றும் பார்த்தார், ஒன்று மூடாமல் நின்றாலும் அந்தச் சிலிண்டர் மட்டும் சோக் போட்டபடிதான் ஓடும். அதுவும் சரி.

பிறகு அந்தப் போத்தல் பெற்றோலிலேயே ஸ்டார்ட் பண்ணினார். தடக்கல் இல்லை. நல்லாய்ச் சூடான பிறகும் இல்லை. எனக்குத் தலை சுற்றியது, அவருக்குச் சிரிப்பு வந்தது. "காபரேட்டர்ல ஒண்டும் இல்ல தம்பி. டாங்கி வந்தாத்தான் வருத்தம் வருது."

கராஜில் நன்றாக ஓடி வீட்டில் கெடுகிற மர்மம் இதுதான். டியூனிங் செய்கிறவர்கள் எல்லோரும் டாங்கியைக் கழற்றிவிட்டுப் போத்தலில்தான் ஓட்டிக் காட்டுவார்கள். கோளாறோ டாங்கியின் அடியில் இருக்கிற பெற்றோல் டெப்பில். பண்டிட்டின் டெப்பில் 'ஓஃப்' கிடையாது, ஒன், ரெஸ் (ரிசேர்வ்), பிஆர்ஐ (பிரைம், இழுவை இல்லாமலே திறந்திருப்பது) மூன்றும்தான். இன்ஜின் ஓடும்போது உறிஞ்சும் காற்றிழுவைதான் அதைத் திறக்கும், அதற்காக ஒரு மெல்லிய ஓஸ் ஒரு சிலிண்டரின் இன்டேக்கில் (காற்றும் பெற்றோலும் உள்ளே போகிற வழியில்) இருந்து டெப்புக்குப் போகிறது. டெப்புக்குள் ஒரு ரப்பர் சவ்வு, ஒரு பக்கம் பெற்றோல், மறுபக்கம் அந்த இழுவை. சவ்வில் சின்னக் கீறல் விழுந்தால் போதும், இன்ஜின் அதே மெல்லிய ஓஸ் வழியாகப் பெற்றோலை நேரே அந்த ஒரு சிலிண்டருக்குள் உறிஞ்சிக்கொள்ளும், காபரேட்டரைத் தொடாமலே.

நிரூபித்தும் காட்டினார். மருந்துக் கடைச் சிரிஞ்ச் ஒன்றை அந்த ஓஸின் முனையில் செருகி மெல்ல இழுத்தார். சவ்வு நன்றாக இருந்தால் இழுத்த பிஸ்டனை விட்டதும் அது பின்னுக்குப் போக வேண்டும். போகவில்லை, சிரிஞ்சுக்குள் முதலில் நுரை, பிறகு மஞ்சளாகப் பெற்றோல் ஏறியது. ஓஸ் போய்ச் சேருகிற இடம், கறுத்த பிளக் இருந்த அதே சிலிண்டர். முழுத் திரொட்டிலில் ஏன் நன்றாக ஓடியது என்பதும் அப்போதுதான் விளங்கியது: திரொட்டில் மூடியிருக்கும்போதுதான் இன்டேக்கில் இழுவை அதிகம், முழுசாகத் திறந்தால் இழுவை விழுந்துவிடும், கள்ளப் பெற்றோல் வருவதும் குறைந்துவிடும். மெயின் ஜெட் பெரிதாக இருந்தால் இதற்குத் தலைகீழாக, முழுத் திரொட்டிலில்தான் மோசமாக இருக்கும்.

இன்னும் இரண்டு விஷயம் கண்டுபிடித்தார். முந்திய வைத்தியர் யாரோ அந்தச் சிலிண்டரின் பைலட் ஸ்குரூவை (ஸ்லோவில் பெற்றோல் அளவைத் திருத்துகிறதை) மட்டும் கிட்டத்தட்ட முழுக்க உள்ளே திருகிவைத்திருந்தார், கூடி வருகிற பெற்றோலை அங்கே குறைத்துச் சமாளிக்க. அதைச் சரிசெய்யாமல் டெப்பை மட்டும் திருத்தியிருந்தால் அந்தச் சிலிண்டர் அடுத்து பெற்றோல் குறைந்து சூடாகியிருக்கும். மற்றது, ஒயில் மூடியைத் திறந்து மணந்தார். பெற்றோல் மணம். எரியாத பெற்றோல் சிலிண்டர் சுவரால் இறங்கி ஒயிலில் கலந்து அதைத் தண்ணியாக்கிவிடும், பெயரிங்குகளுக்கு அது நஞ்சு. அன்றைக்கே ஒயில் மாற்றியாகிவிட்டது.

சவ்வு கிட் கொழும்பில் உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் விசாரித்தும் கிடைக்கவில்லை, வெளியில் இருந்து எடுக்க வேண்டி வந்தது. வரும்வரைக்கும் டெப்பை பிஆர்ஐயில் விட்டு, இன்டேக் துளைக்கு ரப்பர் மூடி போட்டு, பெற்றோல் ஓஸின் நடுவில் ஒரு சின்னக் கை வால்வு வைத்துத் தந்தார். பிஆர்ஐயில் பெற்றோல் நிற்காமல் ஓடும், காபரேட்டர் புளோட் நீடில்தான் ஒரே தடுப்பு, ஆகவே இறங்கும்போதெல்லாம் வால்வைப் பூட்டச் சொல்லித் திரும்பத் திரும்பச் சொன்னார். இப்போது கிட் போட்டாயிற்று, பிளக் நாலும் ஒரே நிறம்.

சரி, குறைகள். தொலைபேசி எடுக்க மாட்டார், எடுத்தாலும் "வாங்க பார்ப்பம்" என்பதற்கு மேல் ஒன்றும் வராது. வெள்ளிக்கிழமை மத்தியானம் ஜும்மாவுக்குப் பூட்டினால் எப்போது திறப்பார் என்பது அவருக்கே தெரியாது. பில் கிடையாது. தேடிக் கண்டுபிடித்ததற்கு 3500 ரூபா வாங்கினார், ஒயில் வேறு. ஒன்றையும் மாற்றாமல் இவ்வளவா என்று என்னோடு வந்த மச்சான் முணுமுணுத்தான். முன்னர் தேவையில்லாமல் மாற்றிய ஜெட்டுகளின் விலையை அவன் கேட்டதில்லை, எனக்கு இந்தக் காசு நியாயமாகத்தான் படுகிறது. இருக்க ஒரு வாங்கு மட்டும்தான், சூடான கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் அந்தத் தகரத்துக்குக் கீழே இருப்பது தண்டனை.

புது இன்ஜெக்ஷன் பைக்குகளைக் கொண்டுபோகாதீர்கள், ஸ்கேனர் இல்லை என்று வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார். மற்றவர்கள் காலை எட்டரைக்கு முதல் போய்விடுங்கள். பத்து மணிக்குப் பிறகு படகு இன்ஜின்காரர்கள் வரத் தொடங்கினால் உங்கள் பைக்கை அவர் தொடப் பொழுது சாய்ந்துவிடும்.