ரெஸ்டிக்: நல்ல வேலைக்காரன், வாய்தான் திறக்க மாட்டான்

நான் பார்த்துக்கொள்ளும் லினக்ஸ் சர்வர்கள் எல்லாவற்றிலும் பேக்கப்புக்கு இப்போது ரெஸ்டிக்தான். "ராத்திரி தொடங்கியது விடிந்தும் முடியவில்லை, வேறு கருவிக்கு மாறிவிடலாமா?" என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். மாற வேண்டாம். ரெஸ்டிக் மெதுவான கருவி அல்ல. ஆனால் ஏதோ காரணத்தால் மெதுவாகிவிட்டால், அந்தக் காரணத்தை நாம்தான் தோண்டி எடுக்க வேண்டும்.

இலவசம், கோ மொழியில் எழுதிய ஒரே ஒரு பைனரி, நிறுவ ஒரு நிமிடம் போதும். ஃபைல்களைச் சராசரியாக 1 எம்பி அளவுத் துண்டுகளாக வெட்டி, ஏற்கெனவே இருக்கும் துண்டை மறுபடி அனுப்பாமல், எல்லாவற்றையும் என்கிரிப்ட் செய்து வைக்கும். எஸ்எஃப்டிபி வழியாக இன்னொரு சர்வர், எஸ்3 வகை கிளவுட் சேமிப்பு என்று எங்கே வேண்டுமானாலும் சேமிக்கலாம். இதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

எரிச்சல் வருவது ஒரு இடத்தில். ஒவ்வொரு பேக்கப்பிலும் ரெஸ்டிக் முந்தைய ஸ்னாப்ஷாட்டை (போன முறை எடுத்த பேக்கப்பின் பதிவு) எடுத்து வைத்துக்கொண்டு ஃபைலின் அளவு, எம்டைம் (உள்ளடக்கம் மாறிய நேரம்), சிடைம் (உள்ளடக்கமோ உரிமையாளர் போன்ற விவரமோ மாறிய நேரம்), ஐநோடு எண் (ஃபைலின் உள் அடையாள எண்) ஆகியவற்றை ஒப்பிடும். மாற்றம் இல்லையென்றால் ஃபைலைத் திறக்கவே திறக்காது. வேகமெல்லாம் இங்கிருந்துதான் வருகிறது. அந்த முந்தைய ஸ்னாப்ஷாட்டை எப்படிக் கண்டுபிடிக்கிறது? ஹோஸ்ட் பெயரும் (கணினியின் பெயர்) ஃபோல்டர் பாதையும் பொருந்துகிறதா என்று பார்த்து. டாக்கர் கன்டெய்னருக்குள் (சர்வருக்குள் தனியாக அடைத்து ஓட்டும் சூழல்) ஓடவிட்டால், நாம் தனியாகப் பெயர் கொடுக்காதவரை, ஒவ்வொரு கன்டெய்னருக்கும் புதுசாக ஒரு ஹோஸ்ட் பெயர் வரும். முந்தையது எதுவும் பொருந்தாது. உடனே டிஸ்கில் இருப்பதை ஆரம்பத்திலிருந்து கடைசிவரை படிக்கத் தொடங்கிவிடும். துண்டுகள் ஏற்கெனவே சேமிப்பில் இருப்பதால் நெட்வொர்க்கில் அனுப்ப ஒன்றும் இருக்காது. அப்லோடு சும்மா கிடக்கும், டிஸ்க் மட்டும் மூச்சு வாங்கும்.

இதைப் பற்றி ரெஸ்டிக் சொல்வது தொடக்கத்தில் வரும் ஒற்றை வரி: முந்தைய ஸ்னாப்ஷாட் இல்லை, எல்லா ஃபைலையும் படிக்கப்போகிறேன் என்று. நேரம் குறித்துத் தானாக ஓட்டும் கிரானில், செய்திகளை அடக்கும் கொயட் ஆப்ஷன் போட்டிருந்தால் அதுவும் வராது. ஆகவே நான் முதலில் பார்ப்பது கடைசிச் சுருக்கத்தை. ஃபைல்கள் மொத்தமும் 'புதியவை' என்று காட்டி, சேர்த்த அளவு மட்டும் கொஞ்சமாக இருந்தால் ஹோஸ்ட் பெயர் அல்லது பாதைச் சிக்கல். ஹோஸ்ட் ஆப்ஷனில் நிலையான பெயரைக் கொடுத்தால் முடிந்தது. எல்லாம் 'மாறியவை' என்று காட்டினால், தினமும் யாரோ ரிகர்சிவாக சௌன் (உள்ளே இருக்கும் எல்லா ஃபைல்களுக்கும் உரிமையாளரை அமைக்கும் கட்டளை) அடிக்கிறார்களா என்று பாருங்கள். உள்ளடக்கம் மாறாவிட்டாலும் சிடைம் மாறிவிடும். டிப்ளாய்மென்ட் ஸ்கிரிப்டுகளுக்கு இது பிடித்த வேலை.

கன்டெய்னர்காரர்களுக்கு இன்னொன்று. ரெஸ்டிக் தன் கேஷை (சேமிப்பிலிருந்து இறக்கிய விவரங்களின் உள்ளூர் நகல்) ஹோம் ஃபோல்டருக்குள் வைக்கும். கன்டெய்னர் அழியும்போது அதுவும் போகும், அடுத்த முறை இண்டெக்ஸை (எந்தத் துண்டு எங்கே என்ற பட்டியல்) மறுபடி இறக்க வேண்டும். கேஷுக்கு, கன்டெய்னர் அழிந்தாலும் நிற்கும் ஒரு வால்யூம் மவுன்ட் செய்துவிடுங்கள்.

சரி, இதெல்லாம் ஒழுங்காக இருந்தும் முதல் பேக்கப் இழுக்கிறதா? கணக்குப் போட்டுப் பாருங்கள். சுழலும் 7200 ஆர்பிஎம் டிஸ்கில் படிக்கும் முனை இடம்விட்டு இடம் போவதுதான் தாவல், நொடிக்குச் சுமார் 100 தாவல்கள்தான் தாங்கும். 20 லட்சம் குட்டி ஃபைல்கள் என்றால், ஃபைலுக்கு ஒரு தாவல் என்று வைத்தாலே 20,000 நொடி, அதாவது ஐந்தரை மணி நேரம். ஃபைல் ஃபைலாகப் படிக்கும் எந்தக் கருவியைக் கொண்டுவந்தாலும் இதே கதைதான். எஸ்எஸ்டி என்றால் ரீட் கன்கரன்சியை (ஒரே நேரத்தில் எத்தனை ஃபைல் படிப்பது என்பதை) இயல்பான 2இலிருந்து 8க்கு ஏற்றிப் பார்க்கலாம். சுழலும் டிஸ்கில் நான் அதைத் தொடுவதில்லை.

டேட்டாபேஸ் டம்ப்பை (டேட்டாபேஸை ஃபைலாக எடுத்தது) ஜிஜிப்பால் சுருக்கி வைத்துவிட்டு ரெஸ்டிக்கிடம் கொடுக்கும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். டம்ப்பின் தொடக்கத்தில் ஒரு வரி மாறினாலும் அதற்குப் பிறகான ஜிஜிப் பைட்டுகள் எல்லாம் மாறிவிடும், பழைய துண்டு ஒன்றும் உதவாது. தினமும் முழு டம்ப்பும் மேலே போகும். சுருக்காமல் கொடுங்கள், ரெஸ்டிக் தானே இசட்எஸ்டிடி முறையில் சுருக்கிக்கொள்ளும்.

நெட்வொர்க்கை நீட்டி முழக்க வேண்டியதில்லை. வேகத்தை அளக்கும் ஐபெர்ஃப் ஓட்டிப் பாருங்கள். ஜிகாபிட் இணைப்பின் உச்சம் நொடிக்கு 125 எம்பி. உங்களுக்கு 11, 12இலேயே நிற்கிறது என்றால் கேபிளோ போர்ட்டோ சரியில்லாமல் இணைப்பு 100 மெகாபிட்டுக்கு இறங்கியிருக்கலாம், ஈத்டூல் கட்டளை காட்டிக்கொடுக்கும். தொலைவில் இருக்கும் எஸ்3 வகைச் சேமிப்பு என்றால் இணையான இணைப்புகள் இயல்பாக 5, பேக் (துண்டுகளைச் சேர்த்துக் கட்டும் ஃபைல்) அளவு 16 எம்பி. இரண்டையும் ஏற்றினால் பெரும்பாலும் பலன் தெரியும்.

உண்மையான குறைகளும் உண்டு. இண்டெக்ஸை நினைவகத்தில் வைத்துக்கொள்வதால் 1 ஜிபி ரேம் உள்ள சின்ன விபிஎஸ்ஸில் (வாடகை மெய்நிகர் சர்வர்), பெரிய ரெப்போ (பேக்கப் இருக்கும் சேமிப்பு) என்றால், ரேம் போதாமல் டிஸ்கை நினைவகமாக்கும் ஸ்வாப்பில் விழுந்து தவழும். புரூன் (பயன்படாத டேட்டாவை நீக்கும் கட்டளை) ஓடும்போது ரெப்போவைப் பூட்டிவிடும், அந்த நேரம் பேக்கப் எடுக்க முடியாது. நான் புரூனை வாரக் கடைசிக்குத் தள்ளி, பயன்படாத இடத்துக்கான வரம்பை 5 சதவீதத்திலிருந்து 10ஆக உயர்த்தியிருக்கிறேன். கொஞ்சம் இடம் வீணாகும், ஆனால் திருப்பி அடுக்கும் வேலை நன்றாகக் குறைகிறது.

அப்புறம், 2022இல் வந்த 0.14க்கு முந்தைய பதிப்பில் உருவாக்கிய ரெப்போவை இன்னும் வைத்திருப்பவர்கள் கவனிக்க. அந்தப் பழைய வடிவத்தில் சுருக்கம் கிடையாது. மைக்ரேட் கட்டளையால் வடிவத்தை 2க்கு உயர்த்துங்கள். அதற்குப் பிறகும் பழைய டேட்டா சுருங்காமல்தான் கிடக்கும். அதையும் சுருக்க, புரூனில் அதற்கென்றே ஒரு ஆப்ஷன் இருக்கிறது. அதை ஓட்டும் அன்று வேறு எதையும் திட்டமிடாதீர்கள்.