பழைய லெதர் பை: எண்ணெயா, முழுக்கா, பெயின்டா, துடைப்பா?

பழைய லெதர் ஹேண்ட்பேக் ஒன்றை வாங்கி வந்தால் வீட்டில் ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். அம்மாவுக்குத் தேங்காய் எண்ணெய். தங்கைக்கு யூடியூபில் பார்த்த வாளித் தண்ணீர் முழுக்கு. தெருமுனையில் செருப்பும் பையும் தைக்கும் அண்ணனுக்கு ஒரே பதில்தான்: "கலர் அடிச்சிரலாம்க்கா, புதுசு மாதிரி ஆயிடும்." இந்த மூன்றையும் விட்டுவிட்டு நான் எடுத்துக்கொண்டது நாலாவது வழி. ஈரத்துணியால் துடைப்பது, நன்றாகக் காயவிடுவது, லெதர் க்ரீமைக் கொஞ்சமாகத் தடவுவது. என் சாய்வு எந்தப் பக்கம் என்பது இதிலேயே தெரிந்துவிடும். மற்ற மூன்றும் சில பைகளுக்குப் பொருந்தும். எவற்றுக்கு என்பதையும் சொல்கிறேன்.

நான் வாங்கியது பாண்டிச்சேரி ஞாயிறு சந்தையில், பழுப்பு நிறத் தோள்பை. பித்தளை பக்கிள், உள்ளே துணி லைனிங். மூடியின் அடிப்புறத்தில் சாம்பல் நிறத்தில் பூசணம் பூத்திருந்தது. ரிவெட்டுகளைச் சுற்றிப் பச்சைக் களிம்பு. தோளில் மாட்டும் பட்டையில் கைபடும் இடம் மட்டும் கறுத்துப்போயிருந்தது. ஆனால் தோல் நல்ல தோல்.

அது தோல்தானா என்பதை முதலில் பார்த்துவிட வேண்டும். மேல்படலம் செதில் செதிலாக உரிந்து அடியில் துணி தெரிந்தால் அது ரெக்சின் வகை. எண்ணெயோ க்ரீமோ அதைக் காப்பாற்றாது. பேரம் பேசாமல் நகர்ந்துவிடலாம். தோல் என்றால், வெளியே தெரியாத இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்துப் பாருங்கள். முத்தாக நின்றால் மேலே பூச்சு இருக்கிறது, தைரியமாகத் துடைக்கலாம். உடனே உறிஞ்சிக் கறுத்தால் பூச்சு இல்லாத திறந்த தோல், எதைச் செய்தாலும் நிதானமாகச் செய்ய வேண்டும்.

இன்னொன்றும் பார்க்க வேண்டும். உலகில் பெரும்பாலான தோல் இப்போது குரோமியம் உப்பால் பதனிடப்படுவது. பட்டையின் வெட்டு ஓரத்தில் நடுப்பகுதி நீலச் சாம்பலாகத் தெரிந்தால் அந்த வகை. ஓரம் முழுக்கப் பழுப்பாகவே இருந்தால் மரப்பட்டையில் பதனிட்டதாக இருக்க வாய்ப்பு அதிகம். நம் ஊரில் ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்டு வந்தார்களே, ஈ.ஐ. (ஈஸ்ட் இந்தியா) லெதர் என்று புவிசார் குறியீடுகூட வாங்கிய தோல், அது இந்த இனம். 1978-இல் புதுச்சேரியில் தொடங்கிய ஹைடிசைன் பைகளும் இப்படி மரப்பட்டையில் பதனிட்ட பட்டைப் பதத் தோலுக்கும் பித்தளைச் சாமான்களுக்கும் பெயர் பெற்றவை. அதனால் இந்தப் பக்கத்துப் பழைய பைகளில் இந்த வகை நிறையக் கைக்கு வரும். என்னுடையதும் பட்டைப் பதம்தான். கீழே நான் சொல்வதில் பாதி இந்தத் தோலை மனதில் வைத்துச் சொல்வது.

முழுக்கு வைத்தியத்தை முதலில் முடித்துவிடுகிறேன். அது வந்த இடம் அமெரிக்கா. 1941-இல் நியூயார்க்கில் தொடங்கிய கோச் நிறுவனத்தின் பழைய பைகள் பேஸ்பால் கையுறைத் தோலின் சாயலில் செய்யப்பட்டவை. தடித்த தோல், பல மாடல்களில் லைனிங் கிடையாது, உள்ளே அட்டை கிடையாது. அப்படிப்பட்ட பையைச் சோப்புத் தண்ணீரில் முக்கி அலசி, உள்ளே துண்டை அடைத்து வடிவம் கொடுத்துக் காயவைத்தால் பல ஆண்டு அழுக்கும் வாடையும் போய்விடுகிறது. அந்தப் பைக்கு அது சரியான வழிதான்.

நம் கையில் இருப்பது அந்தப் பை இல்லையே. அடியில் அட்டை, பக்கங்களில் ஸ்பான்ஞ், லைனிங் எல்லாம் சொல்யூஷன் போட்டு ஒட்டியது. நனைந்தால் அட்டை ஊறும், ஒட்டு விடும், லைனிங்கின் சாயம் தோலுக்குள் இறங்கும். பதனிடும்போது நார்களுக்கு இடையில் ஊட்டிய எண்ணெய்ப் பசையும் தண்ணீரோடு வெளியேறும். காய்ந்த பிறகு நார்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பை விறைத்துவிடுகிறது.

பட்டைப் பதத் தோலுக்கு இதைவிடப் பெரிய ஆபத்து இரும்பு. கடுக்காயோடு அன்னபேதி என்ற இரும்பு உப்பைச் சேர்த்து அந்தக் காலத்தில் மை காய்ச்சினார்கள். துவர்ப்புச் சத்தும் இரும்பும் ஈரத்தில் சந்தித்தால் கருநீலம் பிடிக்கும், அவ்வளவுதான் அதன் ரகசியம். பையின் பக்கிள் பித்தளை முலாம் பூசிய இரும்பாக இருந்து, முலாம் தேய்ந்திருந்தால், முக்கி எடுத்த பைக்குள் அதே மை தயாராகிறது. பக்கிளைச் சுற்றி மேகம்போல ஒரு கறை படரும், அது லேசில் போகாது. வாங்கும்போதே ஒரு சிறு காந்தத்தை பக்கிளில் வைத்துப் பார்த்துவிடுவது நல்லது. ஒட்டினால் இரும்பு, அந்தப் பையில் ஈரத்துணியைக்கூட பக்கிள் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

அடுத்தது பெயின்ட். பழைய பூச்சை அசிட்டோன் தொட்டுத் துடைத்து எடுத்து, மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, தோலுக்கான அக்ரிலிக் பெயின்ட்டை மெல்லிய மெல்லிய கோட்டாக அடித்து, மேலே ஒரு பாதுகாப்புப் பூச்சு. பொறுமையான கை செய்தால் பிரமாதமாக வரும். வெள்ளை, சிவப்பு மாதிரி நிறங்களில் மூலை தேய்ந்து நார் தெரியும் பைகளுக்கு வேறு வழியும் இல்லை. அந்த மூலைகளை மட்டும் தொட்டு எடுப்பதை நானும் ஆதரிக்கிறேன். முழுப் பைக்கும் அடிப்பதைத்தான் ஒத்துக்கொள்ள முடியவில்லை. ஒரு முறை அடித்துவிட்டால் அது அந்தப் பையின் நிரந்தரப் பராமரிப்பு வேலையாகிவிடுகிறது. மூடி மடங்கும் இடத்திலும் கைப்பிடியிலும்தான் பெயின்ட் முதலில் வெடிக்கும். அப்புறம் அதே ஷேடைத் தேட வேண்டும். மேலே படலம் மூடியிருப்பதால் க்ரீமும் உள்ளே போகாது. ஷூ பாலிஷ் போடலாமே என்பார்கள். காலில் இருக்கும் ஷூவுக்கு அது சரி. தோளில் தொங்கும் பையில் போட்டால் வெள்ளைச் சுடிதாரில் ஒட்டும்.

இனி எண்ணெய்க்கு வருகிறேன். உண்மையான போட்டி இதற்கும் க்ரீமுக்கும்தான். எண்ணெய் மலிவு, வீட்டில் இருக்கிறது, தடவிய ஐந்தாவது நிமிடத்திலேயே பை பளபளவென்று உயிர் பெற்றதுபோல் தெரிகிறது. அந்தப் பளபளப்பை நானும் பார்த்திருக்கிறேன், மயக்கும். ஆனால் பையைச் சுத்தம் செய்வது ஒரு நாள் வேலை. ஐப்பசி, கார்த்திகை மழையில் பீரோவுக்குள் அது எந்த நிலையில் இருக்கிறது என்பதை வைத்துத்தான் நான் முடிவெடுத்தேன். சென்னையில் அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை காற்றின் ஈரப்பதம் பெரும்பாலான நாட்களில் 70 சதவீதத்தைத் தாண்டி நிற்கும். பூசணம் முளைக்க அது போதும். அதற்கு மேல் சாப்பாடும் போட்டு வைத்தால்?

என் சித்தியின் கறுப்புப் பை நல்ல உதாரணம். கோடையில் தேங்காய் எண்ணெய் தாராளமாகத் தடவி எடுத்துவைத்தார். மார்கழியில் திறந்தபோது தையல் ஓரமெங்கும் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது. பூசணம் என்று நினைத்துத் துடைத்தார், சில வாரத்தில் மறுபடி வந்தது. ஹேர் டிரையரைத் தூரத்தில் பிடித்து இளஞ்சூடு காட்டினோம். தையல் குழிகளில் இருந்த வெள்ளைப் பொடி கண்ணெதிரே உருகி மறைந்தது. பூசணம் சூட்டில் உருகாது. உருகினால் அது கொழுப்பு. தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறைவது நமக்குத் தெரிந்ததுதானே, குளிர்காலத்தில் பாட்டிலைப் பார்த்தாலே புரியும். தோலுக்குள் தேவைக்கு மேல் போன எண்ணெயும் குளிர்ந்த நாட்களில் மேலே வந்து உறைகிறது. அதே பையின் மூடிக்கு உள்ளே, சூடு காட்டியும் போகாத சாம்பல் புள்ளிகளும் இருந்தன. அவை அசல் பூசணம்தான், எண்ணெயில் நன்றாக வளர்ந்தது.

பித்தளை ரிவெட்டைச் சுற்றி வரும் பச்சைக் களிம்புக்கும் கொழுப்புக்கும் நேரடித் தொடர்பு உண்டு. கொழுப்பு அமிலமும் பித்தளையில் இருக்கும் செம்பும் சேர்ந்து மெழுகு மாதிரி உருவாவது அது. எண்ணெய் கூடக் கூடக் களிம்பும் கூடும். எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை தருவது, எண்ணெய் ஊறிய தோலில் அப்புறம் எதுவும் பிடிக்காது என்பது. சொல்யூஷன் ஒட்டாது, மூலையில் தொட்டுவைக்கும் பெயின்ட் நிற்காது, ஓரப்பூச்சு உரியும். எண்ணெயை முழுசாகத் திரும்ப எடுக்கவும் வீட்டில் வழி இல்லை. வெளிர் பழுப்புப் பை கறுத்துப் போனால் கறுத்ததுதான். பிறகு விற்கப் போனால் வாங்குகிறவர் முதலில் பார்ப்பது அந்தத் திட்டுகளைத்தான்.

க்ரீமிலும் எண்ணெயும் மெழுகும்தான் இருக்கின்றன. ஆனால் அவை தண்ணீரோடு குழைத்து மெல்லிய பசையாக இருப்பதால், பட்டாணி அளவு எடுத்தால் மூடி முழுவதற்கும் வரும். அதிகமாகப் போய்விடும் ஆபத்து குறைவு. அதிலும் தேன்மெழுகு குறைவாக இருக்கும் க்ரீமையே நான் தேடி வாங்கினேன். மெழுகு தடித்தால் தூசி ஒட்டும்.

என் பையில் செய்த வரிசை இது. மூக்கைக் கட்டிக்கொண்டு மொட்டைமாடியில் வைத்து, காய்ந்த பிரஷால் பூசணத்தைத் தட்டினேன். வீட்டுக்குள் தட்டினால் அது பீரோவுக்கே திரும்பி வரும். பிறகு சர்ஜிகல் ஸ்பிரிட்டும் தண்ணீரும் சம அளவு கலந்து, பஞ்சில் தொட்டு, பிழிந்து, பூசண இடத்தை மட்டும் ஒற்றி எடுத்தேன். ஸ்பிரிட் சில பூச்சுகளைக் கரைத்துவிடும், ஆகவே அடிப்பக்கத்தில் சோதித்துப் பார்க்காமல் தொடாதீர்கள்.

அழுக்குக்கு ஒரு கிண்ணம் தண்ணீரில் சில சொட்டு பேபி ஷாம்பூ. தோல் இயல்பிலேயே லேசான அமிலத்தன்மை உள்ளது, துணி சோப்பும் குளியல் சோப்பும் காரம். அவற்றால் தேய்த்தால் தோல் வறண்டு வெடிக்கும். பழைய பனியன் துணியை நுரையில் தொட்டு, நன்றாகப் பிழிந்து, ஒரு பக்கம் முழுவதையும் ஓரத்திலிருந்து ஓரம் வரை துடைக்க வேண்டும். கறை இருக்கும் இடத்தை மட்டும் தேய்த்தால் அங்கே வட்டமாக நீர்க்கறை விழும். அடுத்து வெறும் தண்ணீர்த் துணி, அடுத்து காய்ந்த துணி. ஃபேனுக்கு அடியில் நிழலில் ஒரு நாள் முழுக்க வைத்தேன். வெயிலில் வைக்கலாமே என்று அம்மா கேட்டார். வெயிலில் நிறம் மங்கும், மேல்தோல் சுருங்கும்.

களிம்பைப் பல்குச்சியால் சுரண்டி, பஞ்சுக் குச்சியால் எடுத்தால் போதும். பித்தளை என்றதும் புளியைத் தேடக் கூடாது. குத்துவிளக்குக்குச் சரி, தோலில் பதித்த பித்தளைக்கு அந்தப் புளிப்பு ஆகாது. ஓரத்துத் தோலில் இறங்கித் திட்டு விழும். பிறகுதான் க்ரீம். மெல்லிசாகத் தடவி, இரவு முழுக்க விட்டு, காலையில் காய்ந்த துணியால் தேய்த்தேன். பளபளப்பு வரவில்லை, மூடியை மடக்கினால் சத்தமில்லாமல் மடங்கியது. எனக்கு அது போதும். பட்டையின் கறுப்பு பாதிதான் போயிற்று. கை வியர்வை பல ஆண்டு இறங்கிய இடம் முழுசாக வெளுக்காது. அதை எதிர்பார்த்துப் பழைய பை வாங்கக் கூடாது.

மழைக்காலப் பராமரிப்பும் இந்த வழியில் சுலபம். பழைய தலையணை உறைக்குள் போட்டு, உள்ளே வெள்ளைப் பருத்தித் துணியைத் திணித்து வைக்கிறேன். நியூஸ்பேப்பர் வேண்டாம், மை லைனிங்கில் ஏறும். பிளாஸ்டிக் கவர் அறவே கூடாது. ரசகற்பூர உருண்டையின் வாடை தோலில் இறங்கினால் மாதக்கணக்கில் நிற்கும். அவ்வப்போது எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே போனாலே காற்றோட்டம் கிடைத்துவிடும். வடகிழக்குப் பருவமழை முழுவதும் என் பை பீரோவில் இருந்தது. மூடியின் அடிப்புறம் சுத்தமாகவே இருக்கிறது. ஒரு மழைக்காலம்தான் பார்த்திருக்கிறேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஸ்வேட், நூபக் மாதிரி மேற்பரப்பு பஞ்சுபோல இருக்கும் தோல் பைகளில் எனக்குப் பழக்கம் இல்லை. அவற்றில் க்ரீம் தடவினால் பஞ்சு படிந்துவிடும் என்பதால் இந்த முறை அவற்றுக்கு ஆகாது. பழைய பட்டைப் பதத் தோல், விரலால் தேய்த்தால் செம்பொடியாக உதிரும் நிலைக்குப் போயிருந்தால் துடைப்பதும் கூடாது, க்ரீமும் கூடாது. நாரே செத்துவிட்ட தோல் அது.

தையல் பிரிந்திருந்தால் க்ரீம் போடுவதற்கு முன்பே தைத்துவிடுங்கள். தெருமுனை அண்ணனிடம் நான் கொடுத்த வேலை அது ஒன்றுதான். மெழுகு நூல் சென்னை பெரியமேட்டில் தோல் சாமான் கடைகளில் கிடைக்கும், வாங்கிக்கொண்டு போய்க் கொடுக்கலாம். பழைய துளைகளிலேயே ஊசி போகட்டும் என்று மட்டும் சொல்லுங்கள். புதுத் துளை போட்டால் ஓரம் தபால்தலை மாதிரி வரிசையாகக் கிழிந்துவிடும்.