பேஸ்பால் சாவன்ட் ரிவியூ: செவப்பு கலர மட்டும் பாத்து ராமிரெஸ குடுத்தவன் எழுதுறது

பேஸ்பால் சாவன்ட் சைட்டுக்கு ஒரு ரிவியூ எழுதணும்னு ரொம்ப நாளா நெனச்சுட்டு இருந்தேன். அமெரிக்க பேஸ்பால் மேஜர் லீக்காரங்களே நடத்துற புள்ளிவிவர சைட், பைசா கிடையாது, லாகின் கூட வேணாம், ஃபேன்டஸி (நெஜ பிளேயர்ங்கள வச்சு கற்பனை டீம் கட்டுற ஆட்டம்) ஆடுறவன் பாதி பேரு காலைல பல்லு வெளக்கறதுக்கு முன்னாடி இதத்தான் தெறப்பான். ஆனா சும்மா நல்ல சைட்டுன்னு சொன்னா யாருக்கு என்ன லாபம், இத வச்சு நான் ஒரு ஆள எட போட்ட கதைய சொல்றேன், அதுலயே இது எதுக்கு ஆகும் எதுக்கு ஆகாதுன்னு தெரிஞ்சிடும்.

ஆளு பீட் க்ரோ ஆர்ம்ஸ்ட்ராங். சிகாகோ கப்ஸ் டீம் சென்டர் ஃபீல்டர், இங்க எல்லாருக்கும் பிசிஏ. 2020ல நியூயார்க் மெட்ஸ் முதல் ரவுண்டுல எடுத்த பையன், அடுத்த வருஷமே ஹாவியர் பயஸ வாங்குறதுக்காக இவன கப்ஸுக்கு தள்ளி விட்டாங்க. 2023 கடைசில மேல வந்து 14 வாட்டி பேட் பிடிச்சு ஒரு ஹிட் (அடிச்சுட்டு அவுட் ஆகாம பேஸ்ல போய் நிக்கறது) கூட இல்ல. 2024ல ஆவரேஜ் .237 (ஆயிரம் வாட்டிக்கு 237 ஹிட்னு அர்த்தம்), 10 ஹோம் ரன் (நம்ம சிக்ஸர் மாதிரி), 27 ஸ்டீல் (யாரும் அடிக்காமலே அடுத்த பேஸுக்கு ஓடித் திருடுறது). அதாவது ஓடுவான், பிடிப்பான், அடி மட்டும் சுமார். எங்க ஆபீஸ் லீக்ல 2025 ஏலத்துல ரிட்டயர் ஆகப் போற ஒரு பெரியவர் இவன 6 டாலருக்கு தூக்கினாரு, நாங்க எல்லாம் சிரிச்சோம்.

பேஸ்பால் ஃபேன்டஸி தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. ட்ரீம் லெவன் மாதிரி அன்னிக்கு ஒரு மேட்சோட முடியற வேலை இல்ல இது, 162 மேட்ச், ஆறு மாசம் இழுக்கும். ஆளுக்கு 260 டாலர் கற்பனை காசு, அதுல 23 பேர ஏலத்துல எடுக்கணும். பேட்டிங்ல அஞ்சு கேட்டகரி: ஆவரேஜ், ஹோம் ரன், ரன், ஆர்பிஐ (இவன் அடிச்சதால டீமுக்கு வந்த ரன்), ஸ்டீல். 12 டீம்னா ஒவ்வொரு கேட்டகரிலயும் முதல் எடத்துக்கு 12 பாயிண்ட், கடைசிக்கு 1. இதுக்கு பேரு ரோட்டோ. 1980ல டேனியல் ஓக்ரென்ட்னு ஒரு பத்திரிகைக்காரரும் அவரோட கூட்டாளிங்களும் மன்ஹாட்டன்ல ஒரு ரோட்டிசெரி ஹோட்டல்ல சாப்பிட்டுட்டே கிளப்பி விட்டது, அதான் அந்த பேரு, கோழி சுடுற அடுப்போட பேர வச்சுக்கிட்டு நாங்க இன்னும் அடிச்சுக்கறோம்.

இப்ப சைட்டுக்கு வருவோம். 2015லேர்ந்து எல்லா ஸ்டேடியத்துலயும் ஸ்டேட்காஸ்ட்னு ட்ராக்கிங் சிஸ்டம் மாட்டி வச்சிருக்காங்க, 2020ல அத ஹாக்ஐ கேமராவுக்கு மாத்துனாங்க. நம்ம கிரிக்கெட்ல எல்பிடபிள்யூக்கு காட்டுவாங்கல்ல, அதே கம்பெனி. பால் பேட்ட விட்டு எவ்ளோ வேகத்துல கெளம்புச்சு, எந்த கோணத்துல ஏறுச்சு, ஆளு செகண்டுக்கு எத்தன அடி ஓடுறான், எல்லாம் விழுந்துட்டே இருக்கும். 2024 மே மாசத்துலேர்ந்து பேட் சுத்துற வேகம் கூட வெளிய விட்டுட்டாங்க. பிளேயர் பேர அடிச்சா ஒரு பக்கம் வரும், அதுல வரிசையா கோடு கோடா போட்டு ஒவ்வொண்ணு மேலயும் ஒரு உருண்டை. உருண்டை வலது பக்கம் செவப்பா இருந்தா லீக்லயே டாப், இடது பக்கம் நீலமா இருந்தா கடைசி பெஞ்ச். ஸ்கூல் ரேங்க் கார்டு மாதிரி, அம்மா பாத்தாலும் புரியும். உண்மையிலயே எங்க வீட்டுல பாத்துட்டு "செவப்புன்னா ஃபெயில் தானே"ன்னு கேட்டாங்க. அப்பவே நான் யோசிச்சிருக்கணும்.

2025 ஜூலை, ஆல் ஸ்டார் பிரேக், அதாவது சீசன் நடுவுல விடுற லீவு. பிசிஏ அதுக்குள்ள 25 ஹோம் ரன் அடிச்சிட்டான், 27 ஸ்டீல், 71 ஆர்பிஐ, ஆவரேஜ் .265, ஆல் ஸ்டார் மேட்ச்ல முதல் லெவன் மாதிரி ஸ்டார்ட்டர் வேற. கப்ஸோட ஸ்டேடியம் ரிக்லி ஃபீல்டுல பிசிஏ பிசிஏன்னு கத்து கத்துன்னு கத்துறாங்க. எனக்கோ ஹோம் ரன்ல எட்டாவது எடம், நாலு ஹோம் ரன் கூட வந்தா அஞ்சாவது. ராத்திரி பதினொண்ணரை மணி, லேப்டாப்ப தெறந்தேன், பிசிஏ பக்கம். ஓட்டம் நல்ல செவப்பு, ஃபீல்டிங் அதவிட செவப்பு, பேரலும் செவப்பு. பேரல்னா என்னன்னா நல்ல வேகமும் சரியான கோணமும் சேந்து விழுற அடி, 98 மைல் வேகத்துல போனா 26லேர்ந்து 30 டிகிரிக்குள்ள இருக்கணும், வேகம் ஏற ஏற அந்த கோணத்துல சலுகை கெடைக்கும். அந்த மாதிரி அடிச்சதுல பாதிக்கு மேல ஹிட் ஆகும்னு கணக்கு. அதாவது குருட்டு அதிர்ஷ்டத்துல வந்த ஹோம் ரன் இல்ல, நெஜ அடி.

கீழ ரெண்டு உருண்டை நல்ல கருநீலத்துல ஓரத்துல ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. ஒண்ணு சேஸ், இன்னொண்ணு வாக். சேஸ்னா ஸ்ட்ரைக் ஸோனுக்கு (பால் சரியா வர வேண்டிய கட்டத்துக்கு) வெளிய போற பாலுக்கு பேட்ட வீசுறது. வாக்னா அப்படி வெளிய போற பால் நாலு விட்டா அடிக்காமலே ஃபர்ஸ்ட் பேஸுக்கு போறது. லீக்ல சராசரி ஆளு அப்படி நூறு பாலுக்கு 28 வாட்டி வீசுவான், நம்மாளு 40க்கு மேல. ஆஃப் ஸ்டம்புக்கு வெளிய போற பால தேடிப் போய் தொட்டு ஸ்லிப்ல குடுப்பாங்களே சில பேரு, அந்த வியாதிதான். பாத்தேன். பாத்துட்டு என்ன பண்ணேன்னா, இவ்ளோ பால தொரத்தியும் 25 ஹோம் ரன் அடிச்சிருக்கான்னா இன்னும் கொஞ்சம் பொறுமை வந்துட்டா எங்க போவான்னு எனக்கு நானே வக்கீல் வெச்சு வாதாடிட்டு, மறுநாள் காலைல பெரியவர்கிட்ட போய் என்கிட்ட இருந்த க்ளீவ்லாண்ட் டீம் ஸ்டார் ஹோசே ராமிரெஸ குடுத்துட்டு பிசிஏவ வாங்கிட்டு வந்தேன். டல்லாஸ்ல இருக்கற என் மச்சான் போன் பண்ணி "மாப்ள, தங்கத்த குடுத்துட்டு பட்டாச வாங்கிட்டு வந்திருக்க, வெடிச்சு முடிஞ்சிருக்கும் பாத்துக்க"ன்னாரு. சிரிச்சிட்டே வச்சிட்டேன்.

அப்பறம் நடந்தது ஊருக்கே தெரியும். பிரேக்குக்கு அப்பறம் மொத்தமே 6 ஹோம் ரன், 8 ஸ்டீல். ஆகஸ்ட் மாசம் ஆவரேஜ் .160, ஒரே ஒரு ஹோம் ரன். தெனம் நைட்டு சாப்பாட்டு தட்ட வச்சுக்கிட்டு மேட்ச் பாப்பேன், மொத பால் ஸோன்ல, அடுத்தது பாதத்துக்கிட்ட உழற ஸ்லைடர், வீசுவான், அப்பறம் கண்ணு உயரத்துல ஒரு ஃபாஸ்ட்பால், அதுக்கும் வீசுவான், சாம்பார் ஆறிடும். கடைசி வாரத்துல ஒரு வழியா 30 ஹோம் ரன்ன தாண்டி 31ல நின்னான், ஸ்டீல் 35, ஆவரேஜ் .247. கப்ஸ் சரித்திரத்துல 30-30 (ஒரே சீசன்ல 30 ஹோம் ரன், 30 ஸ்டீல்) பண்ண ரெண்டாவது ஆளு, முதல் ஆளு சாமி சோசா. வருஷக் கணக்குல பாத்தா அற்புதம், பாதி வருஷத்துல வாங்கினவனுக்கு வயித்தெரிச்சல். ராமிரெஸ் என்ன பண்ணாருன்னு கேக்காதீங்க, சரி சொல்லிடறேன், 30 ஹோம் ரன் 44 ஸ்டீல் .283.

இதுல சைட் மேல என்ன தப்பு? ஒண்ணும் இல்ல. கருநீலத்த அது மறைக்கவே இல்ல, என் கண்ணுதான் மேல மட்டும் பாத்துச்சு. ஆனா ஒரு விஷயம் இருக்கு, இந்தப் பக்கத்துல எல்லா உருண்டையும் ஒரே சைஸ். ஃபேன்டஸிக்கு அது அப்படி கெடையாது. ஃபீல்டிங்குக்கு நமக்கு ஒரு பாயிண்ட்டும் கெடையாது, அதோட செவப்பு நம்ம ஆசைய ஏத்தி விடும், அவ்ளோதான்னு அப்ப திட்டிக்கிட்டு இருந்தேன். அப்பறம் ஆற அமர யோசிச்சா அதுலயும் ஒரு சூட்சுமம் இருக்கு. ஆகஸ்ட்ல .160 அடிக்கிற ஒருத்தன வேற டீமா இருந்தா பெஞ்சுல ஒக்கார வச்சிருப்பாங்க, இல்லன்னா மைனர் லீக்குக்கு அனுப்பியிருப்பாங்க. இவன் சென்டர் ஃபீல்டுல கோல்டு க்ளவ் (சிறந்த ஃபீல்டர் விருது) வாங்குற அளவுக்கு பிடிக்கிறவன், அதனால 157 மேட்ச் ஆடினான். ஆடுனாதான் 91 ரன்னும் 95 ஆர்பிஐயும் சேரும். அதனால க்ளவ்வுக்கு நேரா பாயிண்ட் இல்லன்னாலும் அது ஒரு இன்ஷூரன்ஸ், இத எந்த ரேங்கிங் லிஸ்ட்டும் எனக்கு சொல்லல. காசு கட்டி ஒரு ரேங்கிங் ஆப் வாங்கியிருந்தேன், பேர் வேணாம், பிரேக் அன்னிக்கு இவன டாப் அஞ்சுக்குள்ள போட்டுட்டு செப்டம்பர்ல சத்தமே இல்லாம கீழ எறக்கி விட்டுட்டாங்க. ஓசி சைட் அதவிட நேர்மை.

ஆவரேஜ் விஷயம் ஒரு கணக்கு போட்டு பாத்தேன். 591 அட்-பேட்ல (வாக் எல்லாம் சேக்காம பேட் பிடிச்ச கணக்கு) 146 ஹிட், அதான் .247. அந்த எடத்துல .262 அடிக்கிற ஒரு சாதா ஆளு இருந்தா 155 ஹிட். ஒன்பது ஹிட்டுதான் வித்தியாசம். என் டீம் மொத்தமா வருஷத்துக்கு சுமார் 7000 அட்-பேட், அதுல ஒன்பது ஹிட்டுன்னா ஆவரேஜ்ல .001 கொஞ்சம் மேல. எங்க லீக்ல அதுக்கு ஒரு எடம் போகும், மோசமா போனா ரெண்டு. 31 ஹோம் ரன்னும் 35 ஸ்டீலும் குடுக்கறவனுக்கு அது தாங்கக்கூடிய வெலதான். ஆனா இதே ஆவரேஜுக்கு பதிலா ஓபிபி (ஹிட்டோட வாக்கையும் சேத்து எத்தன வாட்டி பேஸுக்கு போனான்ங்கற கணக்கு) வச்சு ஆடுற லீக்னா கதையே வேற, வருஷம் முழுக்க 29 வாக்தான் வாங்கியிருக்கான், ஓபிபி .287, அது டீமயே கீழ இழுக்கும். 155 ஸ்ட்ரைக்அவுட் (மூணு ஸ்ட்ரைக் ஆகி அவுட்), ஒவ்வொரு செயலுக்கும் பாயிண்ட் குடுக்கற பாயிண்ட்ஸ் லீக்ல அதுக்கும் மைனஸ் போடுவாங்க. ஒரே ஆளு, மூணு லீக்ல மூணு வெல. சாவன்ட்ட எவ்ளோ நேரம் முறைச்சு பாத்தாலும் இது வராது, உங்க லீக் ரூல்ஸ நீங்கதான் பக்கத்துல வச்சுக்கணும்.

ஸ்டீல்லயும் ஒரு பொறி இருக்கு. 2023ல பேஸ 15 இன்ச்லேர்ந்து 18 இன்ச் ஆக்குனாங்க, பால் போட நேரக் கெடு வைக்கிற பிட்ச் கிளாக் வந்துச்சு, பிட்சர் ரன்னர பிடிக்க எத்தன வாட்டி திரும்பலாம்னு கட்டுப்பாடு வந்துச்சு. 2022ல லீக் மொத்தமே 2,486 ஸ்டீல், 2023ல 3,503. அதனால பழைய கணக்குல 30 ஸ்டீல்னு வாயப் பொளக்கக் கூடாது, இப்ப அது முன்ன மாதிரி அபூர்வம் இல்ல. அதோட ஃபர்ஸ்ட் பேஸ திருட முடியாது. எவ்ளோ வேகமா ஓடினாலும் முதல்ல அங்க போய் நிக்கணும், வாக் எடுக்காதவன் அடி நின்னு போச்சுன்னா ஓட்டமும் சேந்து நின்னுடும். 27லேர்ந்து 8 ஆனது அப்படித்தான்னு என் அபிப்பிராயம்.

சைட்ல நம்ப வேண்டியது எது, பாத்து நம்ப வேண்டியது எதுன்னா, எக்ஸ்னு ஆரம்பிக்கிற நம்பர் எல்லாம் கொஞ்சம் நிதானமா பாருங்க. எக்ஸ்பிஏன்னா "இப்படி அடிச்சதுக்கு எவ்ளோ ஆவரேஜ் வந்திருக்கணும்"ங்கற கணக்கு. வேகத்தையும் கோணத்தையும் பாக்கும், மொக்கையா அடிச்ச பாலுக்கு ஓட்ட வேகத்தையும் சேத்துக்கும், ஆனா பால் எந்தப் பக்கம் போச்சுன்னு பாக்காது. லைன் ஓரமா இழுத்து தூக்கி அடிக்கிறவனுக்கு வேலி கிட்டக்க, சென்டருக்கு அடிக்கிறவனுக்கு தூரம். ஐசக் பரடேஸ் 2023ல டாம்பா டீம்ல அப்படியே ஓரமா இழுத்து இழுத்து 31 ஹோம் ரன் அடிச்சாரு, எக்ஸ் நம்பர் கடைசி வரைக்கும் நம்பவே இல்ல. பிசிஏவும் இழுத்து தூக்குற டைப்புதான், அதனால அவன் விஷயத்துல எக்ஸ் நம்பர் கம்மியா காட்டினாலும் பயப்பட வேணாம். ரோலிங் கிராஃப்னு பக்கத்துல கீழ ஒண்ணு இருக்கு, அத பாருங்க, நான் அந்த ராத்திரி அதுவரைக்கும் ஸ்க்ரோலே பண்ணல. சீசன் மொத்த நம்பர விட அந்த கோடு ஏறுதா எறங்குதான்னு பாக்கறதுதான் ட்ரேட் பண்றவனுக்கு சோறு போடும்.

இந்த மாதிரி திடீர்னு வெடிச்ச அவுட்ஃபீல்டர்ங்க அடுத்த வருஷம் என்ன ஆகறாங்கன்னா ஒரு விதியும் கெடையாது. கார்பின் கேரல் 2023ல 25 ஹோம் ரன் 54 ஸ்டீல், அடுத்த வருஷம் ஆவரேஜ் .231க்கு விழுந்தாரு, 2025ல 31 ஹோம் ரன் 32 ஸ்டீலோட எழுந்து வந்தாரு. ஜாரன் டுரான் 2024ல 21 ஹோம் ரன் 34 ஸ்டீல் .285, 2025ல 16, 24, .256. கேரல் வாக் எடுக்கற ஆளு, அடி இல்லாத மாசத்துலயும் பேஸ்ல நிப்பாரு. நம்ம பையனுக்கு அந்த பழக்கம் இன்னும் வரல, ஆனா 2025ல வயசு 23தான்.

சைட்டுக்கு அஞ்சுக்கு நாலரை ஸ்டார். பிசிஏவுக்கு ரோட்டோல நாலு, ஓபிபி லீக்ல ரெண்டரை. அடுத்த ஏலத்துல 24 டாலர் வரைக்கும் கைய தூக்குவேன், 25 ஆனா எறக்கிடுவேன்னு பேப்பர்ல எழுதியே வச்சிருக்கேன். எதிர்ல பெரியவர் ஒக்காந்திருப்பாரு, ரிட்டயர் ஆனாலும் லீக்க மட்டும் விட மாட்டாராம், சரியா 24 வரைக்கும் ஏத்தி விட்டுட்டு சிரிச்சிட்டே கைய மடக்கிப்பாரு பாருங்க.