நாள்பட்ட நுரையீரல் நோய்க்கான ரத்தப் பரிசோதனைத் தொகுப்பு: ராமநாதபுரத்தில் கிடைக்கும் சேவை எப்படி?

ராமநாதபுரத்தில் இயங்கும் ஒரு தனியார் பரிசோதனை நிலையம், கடற்கரை ஊர்களுக்கு ஆள் அனுப்பி வீட்டிலேயே ரத்தம் எடுத்து, நாள்பட்ட நுரையீரல் நோய்க்கென்று ஒரு தொகுப்புப் பரிசோதனையைச் செய்து தருகிறது. முழு ரத்த எண்ணிக்கை, ஒவ்வாமையில் கூடும் ஐஜிஇ என்ற எதிர்ப்புப் புரதத்தின் மொத்த அளவு, ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சைக்கான தனி ஐஜிஇ, உடலில் அழற்சி இருப்பதைக் காட்டும் சிஆர்பி, ஆல்ஃபா-1 ஆன்டிடிரிப்சின் அளவு ஆகியவை இதில் அடங்கும். கூடுதல் கட்டணம் செலுத்தினால் மரபணுப் பரிசோதனையும் உண்டு. தேவிபட்டினத்தில் இருக்கும் என் தாயாருக்காக இச்சேவையைப் பயன்படுத்தினோம். அவர் ஒரு நாளும் பீடி, சுருட்டைத் தொட்டவர் அல்லர். ஆனால் சீமைக் கருவேல விறகு எரித்த அடுப்பின் முன்னே அவருடைய வாழ்நாளில் பெரும்பகுதி கழிந்திருக்கிறது. இளைப்பு தொடங்கிப் பல ஆண்டுகள் ஆகின்றன.

ரத்தம் எடுக்க வந்த தம்பி பொறுமையானவர். ஒரே குத்தில் நரம்பைப் பிடித்தார். சொன்ன நேரத்தில் வந்து, சொன்ன நாளில் அறிக்கையும் அனுப்பினார்கள். அந்த வகையில் குறையில்லை. எனக்கு வருத்தம், ஊசி குத்துவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்விகள் எதையும் அவர்கள் கேட்கவில்லை என்பதில்தான்.

அறிக்கையில் ஈசினோபில் என்ற வெள்ளணுவின் அளவு ஐந்து சதவீதம் என்றும் அது இயல்பு என்றும் அச்சிட்டிருந்தார்கள். நுரையீரல் மருத்துவருக்குத் தேவைப்படுவது சதவீதம் அன்று. ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் அந்த அணுக்கள் எத்தனை என்ற நேர் எண்ணிக்கை. மொத்த வெள்ளணுக்கள் 6,000 இருப்பவருக்கு ஐந்து சதவீதம் என்றால் 300. 12,000 இருப்பவருக்கு அதுவே 600. அடிக்கடி நோய் முற்றித் திணறும் சிஓபிடி (மூச்சுக்குழாய் அடைப்போடு கூடிய நாள்பட்ட நுரையீரல் நோய்) நோயாளிக்கு உறிஞ்சும் ஸ்டீராய்டு மருந்தைச் சேர்க்கலாமா என்று முடிவு செய்யும்போது, 300-க்கு மேல் இருந்தால் பலன் கிடைக்க வாய்ப்பு அதிகம் என்றும், 100-க்குக் கீழே இருந்தால் பலன் குறைவு, நிமோனியா ஆபத்துதான் கூடும் என்றும் பன்னாட்டு வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. சிகிச்சையை மாற்றக்கூடிய இந்த ஓர் எண்ணை, நாங்களே கணக்கிட்டு மருத்துவரிடம் கொடுக்க வேண்டியிருந்தது.

அதைவிட முக்கியமானது, அந்த எண்ணையே பொய்யாக்கிவிடும் சூழ்நிலைகள். திணறல் கூடும்போது நம் பக்கத்தில் பலரும் மருந்துக்கடையில் இளைப்பு மாத்திரை கேட்டு வாங்கி விழுங்குகிறார்கள். அதில் பல நேரம் பிரட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு இருக்கும். ஸ்டீராய்டு உள்ளே போனால் ஈசினோபில் சட்டென்று இறங்கிவிடும். எதிர்ப்புறமாக, வயிற்றுப் புழு இருப்பவருக்கும், யானைக்கால் புழுவுக்கு எதிராக நுரையீரல் கிளர்ந்து இரவில் விடாமல் இருமும் வெப்பமண்டல ஈசினோபிலியா உள்ளவருக்கும் ஈசினோபிலும் ஐஜிஇயும் ஏறி நிற்கும். இந்த இரண்டாம் வகையில் எண்ணிக்கை 3,000-ஐத் தாண்டுவதே வழக்கம், அதற்கான மருந்தும் வேறு. சுருங்கச் சொன்னால், கடைசியாக என்ன மாத்திரை சாப்பிட்டார், எப்போது பூச்சி மருந்து எடுத்தார் என்ற விவரம் இல்லாமல் இந்த ஊரில் ஈசினோபில் அறிக்கையைப் படிக்க முடியாது. அவர்களுடைய படிவத்தில் பெயரும் வயதும் செல்பேசி எண்ணும் மட்டுமே இருந்தன.

ஆல்ஃபா-1 ஆன்டிடிரிப்சின் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தொகுப்பின் விலையை ஏற்றுவது இதுதான். கல்லீரலில் உருவாகி நுரையீரலுக்கு வரும் இந்தப் புரதம், வெள்ளணுக்கள் விடும் எலாஸ்டேஸ் நொதி நுரையீரலின் மீள்தன்மையுள்ள இழைகளைக் கரைத்துவிடாமல் தடுக்கிறது. இப்புரதம் குறைந்தவர்களுக்கு எம்பசீமா, அதாவது நுரையீரலின் காற்றறைகள் சிதையும் நோய், வருவதை 1963-இல் சுவீடனில் லாரெல், எரிக்சன் என்ற இருவர் கண்டறிந்தார்கள். இதற்கான செர்பினா1 மரபணு 14-ஆம் குரோமோசோமில் இருக்கிறது. சிஓபிடி உள்ள எல்லோருக்கும் வாழ்வில் ஒருமுறையாவது இந்த அளவைப் பார்க்கலாம் என்று 1997-இல் உலக சுகாதார நிறுவனத்தின் கூட்டம் பரிந்துரைத்தது. ஆகவே தொகுப்பில் இது இருப்பது தவறில்லை.

ஆனால் காய்ச்சலோ சளித்தொற்றோ இருக்கும்போது உடல் இந்தப் புரதத்தை அதிகமாகச் சுரக்கும். அந்த மரபணுவின் இரு பிரதிகளில் ஒன்று மட்டும் பிறழ்ந்தவருடைய குறைபாடு அப்போது மறைந்துபோகும். என் தாயாருக்கு அன்று காய்ச்சல் இருந்தது, சிஆர்பியும் கூடுதலாக வந்தது. இரண்டு எண்களும் ஒரே தாளில் அடுத்தடுத்த வரிகளில் இருந்தும், ஒன்றை வைத்து மற்றதைப் படிக்க வேண்டும் என்று ஒரு குறிப்புக்கூட இல்லை. காய்ச்சல் தணிந்த பிறகு திரும்ப எடுக்கச் சொன்னவர் எங்கள் மருத்துவர்.

மரபணுப் பரிசோதனையை நான் யாருக்கும் முதலில் பரிந்துரைக்க மாட்டேன். அவர்கள் தேடுவது செர்பினா1 மரபணுவில் எஸ், இசட் என்ற இரண்டு பிறழ்வுகளை. கடுமையான குறைபாட்டுக்குப் பெரும்பாலும் காரணமாகும் இசட் வகை, வட ஐரோப்பிய வழிவந்தவர்களிடம் மிகுதி, இந்தியாவில் அரிது. வேறு அரிய பிறழ்வு இருந்தால் இந்தப் பரிசோதனை அதைக் காட்டாது. புரத அளவு உண்மையிலேயே குறைந்திருந்தால் மட்டும், மருத்துவர் எழுதிக் கொடுத்த பிறகு செய்யலாம். முன்பதிவு செய்ய அழைத்தபோதே இதையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லி வற்புறுத்தியது எனக்கு உடன்பாடில்லை.

இதே நிலையத்தில் எனக்கு மனநிறைவு தந்தது, தொகுப்பில் சேராத ஸ்பைரோமெட்ரி என்ற ஊதல் பரிசோதனை. மூக்கில் கவ்வி மாட்டி, குழாயை உதடுகளால் இறுகப் பிடிக்கச் சொல்லிவிட்டு, அங்கிருந்த பெண், “ஆத்தா, நல்லா இழுங்க... இப்ப விடுங்க, விடுங்க, நிப்பாட்டாதீங்க!” என்று தானும் சேர்ந்து ஊதுவதுபோல் குனிந்து நின்றார். வளைகோடு பாதியில் நின்றபோது சலிக்காமல் மறுபடி ஊத வைத்தார். மூச்சுக்குழாயை விரிக்கும் சால்பியூட்டமால் மருந்தைக் கொடுத்து, கால் மணி நேரம் உட்கார வைத்துத் திரும்பவும் எடுத்தார். மருந்துக்குப் பிறகும் முதல் நொடியில் வெளியேறும் காற்று, ஊதிய மொத்தக் காற்றில் 0.70 பங்குக்குக் குறைவாக இருந்தால்தான் சிஓபிடி உறுதியாகும். எந்த ரத்தக் குறியீடும் இதற்கு ஈடாகாது. விறகுப் புகையால் நுரையீரல் கெட்ட பெண்களுக்கு இந்த ஊதல் பரிசோதனையே நோயைக் காட்டிக் கொடுக்கிறது. அதை முதலில் செய்துவிட்டு, மருத்துவர் கேட்கும் ரத்தப் பரிசோதனைகளை மட்டும் தனித்தனியாக எடுத்தால் செலவும் குறையும்.

சதவீதத்தோடு நேர் எண்ணிக்கையையும் அச்சிடுமாறும், படிவத்தில் மருந்து விவரத்துக்கு ஓர் இடம் விடுமாறும் நிலையத்துக்கு எழுதிக் கொடுத்தேன். செய்வதாகச் சொன்னார்கள். அண்மையில் பக்கத்து வீட்டு அண்ணனுக்கு வந்த அறிக்கையில் மருந்துக்கென்று ஒரு வரி புதிதாக இருந்தது; ஈசினோபில் மட்டும் இன்னும் சதவீதமாகவே இருக்கிறது.