கேஸ்கட் பசையைச் சுரண்டுகிறேன் என்று எஞ்சினையே கெடுத்துவிட்டார்கள்

பைக்கில் கிளட்ச் கவரை, அதாவது எஞ்சினின் பக்கவாட்டு மூடியைக் கழற்றும் வேலைக்கு வண்டி விடப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

அப்பா ஓட்டிய பழைய ஸ்ப்ளெண்டர். வலது பக்கம் கிளட்ச் கவர் ஓரமாக ஆயில் கசிந்து, காலையில் பார்த்தால் தரையில் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குக் கறை இருக்கும். வீட்டுக்குப் பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். கழற்றியதும் பேக்கிங் (கசியாமல் நடுவில் வைக்கும் கேஸ்கட்) கிழிந்து பாதி கவரிலும் பாதி எஞ்சினிலும் ஒட்டிக்கொண்டது, முன்பு யாரோ அனபாண்ட் என்ற கேஸ்கட் பசையைத் தாராளமாகப் பூசியிருக்கிறார்கள். பையன் ஸ்க்ரூ டிரைவரால் நெம்பிப் பார்த்தான், வரவில்லை. உடனே ஹேண்ட் டிரில்லில் உப்புத்தாள் சக்கரத்தை மாட்டி ஓட்டினான், இரண்டே நிமிடத்தில் பளபளவென்று ஆகிவிட்டது. எஞ்சின் வாய் திறந்தே கிடந்தது. “துணி எதாவது அடைக்க வேண்டாமா தம்பி?” என்று கேட்டேன். “ஆயில் மாத்தும்போது வந்துடும்ணா” என்றான். புது பேக்கிங்கும் போடவில்லை, பசையை விரல் தடிமனுக்குப் பிதுக்கி மூடிவிட்டு 1,850 ரூபாய் வாங்கினார்கள்.

மூன்றே வாரத்தில் அதே இடத்தில் கசிவு, கூடவே எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டில் டக் டக் என்று சத்தம். போய்க் கேட்டால் முதலாளி, பழைய வண்டி அப்படித்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டார்.

கணபதி ஏரியா பக்கம் வயதான மெக்கானிக் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் கவரைத் திறந்து, ஆயில் சலிக்கிற வலையை உருவி என் கையில் வைத்தார். உள்ளே பிதுங்கி உடைந்த பசைத் துண்டுகள் புழு மாதிரி வலை முழுக்க அப்பியிருந்தன, அடியில் சாம்பல் நிறத்தில் நறநறவென்று பொடி. உப்புத்தாளில் இருப்பது இரும்பையே தேய்க்கிற துகள், அது ஆயிலோடு சுற்றினால் பேரிங்கில் போய் உட்காரும், வலை அடைத்தால் ஹெட்டுக்கு ஆயில் ஏறாது என்றார். ஹெட்டுக்குள் வால்வைத் திறக்க வைக்கிற கேம் ஷாப்டும் ராக்கரும் தேய்ந்தே போயிருந்தன. கவரைக் கண்ணாடித் தட்டில் கவிழ்த்து டார்ச் அடித்துக் காட்டினார், இரண்டு இடத்தில் வெளிச்சம் தெரிந்தது. அலுமினியம் அவ்வளவு மெத்தென்ற உலோகம், சக்கரம் பட்ட இடம் பள்ளமாகிவிடும். எல்லாம் சேர்த்து 6,400 ரூபாய் ஆனது.

எஞ்சின் பக்கம் ஒட்டியிருந்த மிச்சப் பசையை அவர் எடுத்த விதத்தைச் சொல்லியே ஆக வேண்டும். முதலில் திறந்த இடத்தையெல்லாம் சுத்தமான துணியால் அடைத்தார். கையுறை போட்டுக்கொண்டு கேஸ்கட் ரிமூவர் என்ற பசை இளக்கும் மருந்தைப் பிரஷ்ஷால் தடவி, பெயின்டிலும் ஆயில் சீலிலும் படாமல் பார்த்துக்கொண்டார், பட்டால் அவையும் கெட்டுவிடுமாம். கால் மணி நேரம் ஊறியதும் பசை உப்பிக்கொண்டு வந்தது, பிளாஸ்டிக் துண்டால் தள்ளினார். விடாப்பிடியாக இருந்த இடத்தில் மட்டும் பிளேடைப் படுக்கைவாட்டில் வைத்து மெதுவாக வழித்தார், நுனியால் குத்தவே இல்லை. வராத இடத்துக்குத் திரும்ப மருந்து தடவிக் காத்திருந்தார். சிலர் காஸ்டிக் சோடாவில் ஊறப்போடச் சொல்வார்கள், அது அலுமினியத்தையே அரித்துவிடும், வேண்டவே வேண்டாம். கடைசியில் புது பேக்கிங், மேலே பசை பூச்சே இல்லை, போல்ட்டுகளைக் குறுக்கு நெடுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினார்.

இந்த வேலைக்கு அரை நாள் ஆனது. பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பாருங்கள், எஞ்சின் திறந்திருக்கும்போது டிரில்லைக் கையில் எடுத்தால் அந்த நிமிடமே நிறுத்தச் சொல்லுங்கள், கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.